வானொலிக்கு எத்தனை லேபிள்?

நாட்டின் வானொலிகளுக்குப் பெயர் வைத்து, வகை பிரித்துப் பட்டியலிடும் பொறுப்பைச் சிவகாசியிடமே ஒப்படைத்துவிடலாம். காகிதத்தில் சுற்றிய மருந்துக்கு லட்சுமி, குருவி, அணுகுண்டு என்று பெயர் சூட்டி, படத்தோடு லேபிளும் அடித்துத் தரும் ஊருக்கு இதெல்லாம் ஒரு வேலையா?

சரக்குக்கும் பஞ்சமில்லை. 1936-இல் 'ஆல் இந்தியா ரேடியோ'. ஐம்பதுகளில் 'ஆகாசவாணி'. ஒரு காலத்தில் டெல்லியிலிருந்து சரோஜ் நாராயணசுவாமி ஆகாசவாணிச் செய்தி வாசித்து முடித்ததும், இங்குள்ள நிலையம் தன்னை 'வானொலி' என்று அறிவித்துக்கொள்ளும். ஒரே பெட்டி, ஒரே பேட்டரி, இரண்டு பெயர். சிக்கனம் என்றால் இதுதான்.

1990-இல் இயற்றிய பிரசார் பாரதி சட்டத்திலேயே ஆகாசவாணி என்ற பெயர் இருக்கிறது. அதை மறக்காமல் நினைவில் வைத்திருந்து, 2023 மே மாதம் ஆணை போட்டார்கள்: இனி 'ஆல் இந்தியா ரேடியோ' கூடாது. 33 ஆண்டுகள்தான்! நமத்துப்போன திரிகூட இத்தனை நிதானம் காட்டியதில்லை.

வகைப்பாடு இன்னும் அழகு. 1957-இல் பிறந்த விவித் பாரதிக்கு ஒரு கட்டம், எஃப்.எம். ரெயின்போவுக்கு ஒன்று, கோல்டுக்கு இன்னொன்று. விருதுநகரில் கேட்கும் மதுரை நிலையம் எந்தக் கட்டம்? டெல்லிச் செய்தி ஓடும்போது தேசியம், மாநிலச் செய்திக்கு மாநிலம், நாடகத்தில் மதுரைப் பேச்சு கேட்டால் உள்ளூர் என்று மணிக்கொரு தடவை மாற்றிவிடலாம். அச்சகங்களுக்கும் ஆண்டு முழுக்க வேலை.

பழைய பெயரை ஒழித்தது மாபெரும் வெற்றிதான். செய்திப் பிரிவின் இணையதளம் மட்டும் இன்னமும் 'நியூஸ் ஆன் ஏர்'. ஆல் இந்தியா ரேடியோவின் மூன்றெழுத்துச் சுருக்கமான 'AIR' அதன் வாலில் சௌகரியமாக உட்கார்ந்திருக்கிறது. அடுத்த ஆணைக்கு 2056 வரை அவகாசம் உண்டு.