உள்ளே போயிட்டேன் சார்!

பதினோரு மணி டீக்குக் கூப்பிட்டால் டனல் சார் வர மாட்டார். திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் ஒரு விரலை மட்டும் தூக்கிக் காட்டுவார். உள்ளே போய்க்கொண்டிருக்கிறார், தொந்தரவு செய்யக் கூடாது என்று அர்த்தம். எங்கே உள்ளே? வேறெங்கே, அவர் வீட்டு கம்ப்யூட்டருக்குள்தான். பழைய மகாபலிபுரம் சாலையில் ஏழாவது மாடி ஏசியில் உட்கார்ந்துகொண்டு, காலையில் நங்கநல்லூரில் விட்டுவிட்டு வந்த பெட்டியை ஒரு தடவையாவது எட்டிப் பார்க்காவிட்டால் அவருக்கு மதியச் சாப்பாடு இறங்காது.

உங்கள் ஆபீஸிலும் ஒருத்தர் இருப்பார். பட்டப்பெயர்தான் வேறாக இருக்கும்.

எங்கள் ஃபயர்வால் ஒன்றும் அதிசயமானது இல்லை. சாதாரண இணையதளத்துக்கு 80, பூட்டுப் போட்ட இணையதளத்துக்கு 443 என்று இரண்டு போர்ட்டுகளை வெளியே விட்டுவிட்டு மற்றதையெல்லாம் அடைத்து வைத்திருக்கிறது. நீங்களும் நானும் சரி போகட்டும் என்று வேலையைப் பார்ப்போம். டனல் சாருக்கு அது பங்காளிச் சண்டை. தூரத்திலிருந்து இன்னொரு கம்ப்யூட்டருக்குள் ரகசியமாகப் போக உதவும் எஸ்எஸ்எச்சுக்கு உரிய 22 அடைபட்டிருக்கிறது என்று தெரிந்த அன்று இரவே வீட்டு கம்ப்யூட்டரை 443இல் உட்கார்த்தி வைத்துவிட்டார். ஃபயர்வால் பார்த்தால் யாரோ பேங்க் சைட்டுக்குப் போகிறார் என்று நினைத்துக்கொள்ளும். கொஞ்ச நாள் நினைக்கவும் செய்தது. பிறகு புது ஃபயர்வால் வந்தது. அது எண்ணைப் பார்த்ததோடு நிற்காமல் பேச்சையும் ஒட்டுக்கேட்கிற ரகம். எஸ்எஸ்எச்சுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. ரகசியப் பேச்சு தொடங்குவதற்கு முன்பே, முதல் வரியிலேயே, தன் பெயரையும் வெர்ஷனையும் பச்சையாகச் சொல்லிவிடும். மாட்டிக்கொண்டது. உடனே அதன் மேல், பூட்டுப் போட்ட இணையதளங்கள் மாட்டிக்கொள்ளும் டிஎல்எஸ் உறையை மாட்டி அனுப்பினார். இடையில் டீம்வியூவர் வந்தது, அடைத்தார்கள். எனிடெஸ்க் வந்தது, அதையும் அடைத்தார்கள். ஐடி டிபார்ட்மென்டில் உள்ள இரண்டு பையன்களுக்கும் இவருக்கும் இடையே நடந்த இந்தப் போரில், கம்பெனி வேலை என்று எதுவும் குறுக்கே வந்ததாக எனக்கு நினைவில்லை.

தப்பித் தவறி டீக்கு வந்துவிட்டாலும் நிம்மதி கிடையாது. 22ஆம் எண் எஸ்எஸ்எச்சுக்குக் கிடைத்த கதையை ஆரம்பித்துவிடுவார். 1995இல் பின்லாந்தில் தாத்து இலோனன் என்பவர், பல்கலைக்கழக நெட்வொர்க்கில் யாரோ பாஸ்வேர்டுகளை உறிஞ்சிவிட்டார்கள் என்று எஸ்எஸ்எச்சை எழுதியது, எஃப்டிபியின் 21க்கும் டெல்நெட்டின் 23க்கும் நடுவில் 22 காலியாக இருந்தது, ஒரே ஒரு மெயில் போட்டுக் கேட்டதும் மறுநாளே அந்த எண் கிடைத்துவிட்டது. இந்த 'மறுநாளே' வரும் இடத்தில் அவருக்குக் குரல் தழுதழுக்கும். நாம் லீவு கேட்டால் ஹெச்ஆர் மறுநாளே பதில் போடுவார்களா சார் என்று பேச்சை மாற்றிப் பார்த்தேன். கதையை முதலிலிருந்து சொன்னார்.

இதெல்லாம் இருக்கட்டும். இந்த உறை, அவருக்கு டனல் என்று பெயர் வாங்கிக் கொடுத்த அந்தச் சுரங்க வழி எல்லாம் கடைசியில் யார் கையில் நிற்கிறது தெரியுமா? எழுபது வயது தாண்டிய அவருடைய அம்மா கையில்.

உள்ளே போக முடியாத நாளில் போன் போடுவார். அம்மாவுக்குக் காது கொஞ்சம் மந்தம் என்பதால், நங்கநல்லூருக்குப் போன் இல்லாமலே கேட்கும் குரலில் பேசுவார். அந்தப் பக்கமும் அதே சத்தம். ஆகவே எங்கள் தளத்தில் எல்லோருக்கும் இரண்டு பக்கமும் கேட்கும்.

"அம்மா, மோடத்துல என்னென்ன லைட் எரியுது?"

"மூணு பச்சை. ஒண்ணு செவப்பு. நீ சாப்டியாடா?"

"மணி பதினொண்ணுதாம்மா. அந்தச் செவப்புக்குக் கீழ என்ன எழுதியிருக்கு பாரு."

"இரு, கண்ணாடி எடுத்துண்டு வரேன்."

கண்ணாடி பூஜை ரூமில் இருக்கும். போனை மோடத்தின் தலையிலேயே வைத்துவிட்டுப் போவார். ஃபேன் சத்தம் கேட்கும். குக்கர் விசில் கேட்கும். மூன்று விசில் வந்தாயிற்றே, யார் அணைப்பார்கள் என்று எங்களுக்கே கவலை வந்துவிடும்.

"எல், ஓ, எஸ். லாஸ்னு போட்டிருக்குடா. யாருக்குடா நஷ்டம்?"

அந்தச் சிவப்பு விளக்கு எரிந்தால் தெருவில் எங்கேயோ ஃபைபர் அறுந்திருக்கிறது, இணைப்பு கொடுத்தவன் வந்து ஒட்டினால்தான் உண்டு. இது டனல் சாருக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். இருந்தாலும், "சரி, ஸ்விட்சை ஆஃப் பண்ணு, பத்து எண்ணு, ஆன் பண்ணு" என்பார். அம்மா வாய்விட்டு எண்ணுவார். ஏழு வரும்போது காலிங் பெல் அடிக்கும். கீரைக்காரி. ஒரு கட்டு என்ன விலை, போன வாரம் என்ன விலை, வேரோடு கொடுத்தால் எப்படி என்பதெல்லாம் முடிந்து, திரும்பி வந்து எட்டிலிருந்து எண்ணுவாரா என்றால் மாட்டார். மறுபடியும் ஒன்று. இந்த நிர்வாகத்தில் ஒரு நாள் மோடத்துக்குப் பதில் ஃப்ரிட்ஜ் ஆஃப் ஆகிப் போனது. சாயங்காலம் வரை யாருக்கும் தெரியவில்லை. மாவு பொங்கி வழிந்த பிறகுதான் தெரிந்தது.

சரி, மோடம் உயிர்பெற்றுவிட்டது என்று வைத்துக்கொள்வோம். விஷயம் அங்கே முடியாது. மோடம் விழித்தெழுந்தால் ஐபி முகவரி மாறிவிடும். மாறிய முகவரியைத் தேடிப் பிடித்துத் தருகிற இலவசச் சேவையில்தான் சார் பெயர் பதிந்திருந்தார். அதில் மாதாமாதம் நான் இருக்கிறேன் என்று உறுதி செய்ய வேண்டும். அவர் செய்ய மாட்டார். எனவே கம்ப்யூட்டர் திரையில் எந்த இடத்தில் புது நம்பர் தெரியும் என்று அம்மாவுக்குப் பாடம் எடுத்தார். அம்மா கெட்டிக்காரர், பிடித்துக்கொண்டார். இப்போதெல்லாம் கரண்ட் போய் வந்தால் இவர் கூப்பிடுவதற்குள் அவரே கூப்பிட்டு, "எழுதிக்கோ, நூத்திப் பதினேழு, புள்ளி" என்று ஆரம்பித்துவிடுகிறார். அந்த ஃபிளாட்ஸில் யார் வீட்டில் நெட் வராவிட்டாலும் முதலில் தட்டுவது இவர்கள் வீட்டுக் கதவைத்தானாம். ஐபி முகவரியைப் பங்கிட்டுத் தருகிற டிஹெச்சிபி என்கிற சொல்லை அம்மா சொல்லிக் கேட்க வேண்டும். ஏதோ தூரத்து உறவுக்காரரைச் சொல்வது போல அத்தனை சகஜம்.

2012இல் சென்னையில் தினமும் 2 மணி நேரம் கரண்ட் கட் ஆனபோது சார் பட்ட பாடு தனிக்கதை. எந்த ஏரியாவுக்கு எப்போது போகும் என்ற அட்டவணையைத் தன் கேபினில் ஒட்டி வைத்திருந்தார். ஆபீஸ் இருக்கும் ஏரியாவுக்கு அல்ல, வீட்டு ஏரியாவுக்கு.

அம்மா ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் மசியவில்லை. கரண்ட் பில். மனிதர் என்றைக்குமே கம்ப்யூட்டரை அணைப்பதில்லை, அணைத்தால் எப்படி உள்ளே போவது? 80 வாட் என்று குறைத்து வைத்துக்கொண்டாலும், ராப்பகலாக ஓடினால் இரண்டு மாதத்துக்கு 115 யூனிட் ஆகிறது. 2016இல் இருந்து வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். "கவர்மென்ட் சும்மா குடுக்கிற நூறையும் உன் பெட்டியே தின்னுட்டு மேல பதினஞ்சு கடன் வேற வெக்கிறதேடா" என்று அம்மா கேட்டதற்கு இன்றுவரை சாரிடம் பதில் இல்லை.

பதிலுக்குப் பதிலாக ஒரு வித்தை செய்தார். கம்ப்யூட்டரைத் தூங்க வைத்துவிட்டு, தேவைப்படும்போது நெட்வொர்க் வழியாகவே எழுப்புவது. அதற்கென்று ஒரு தகவல் பொட்டலம் இருக்கிறது. முதலில் ஒரு அடையாளக் குறி, பிறகு அந்த கம்ப்யூட்டரின் முகவரியை விடாமல் 16 தடவை சொல்ல வேண்டும். அப்போதுதான் எழும். "உன்னை ஸ்கூலுக்கு எழுப்பினதும் இப்படித்தான்" என்றார் அம்மா. எல்லாம் சரியாக வந்தது, அம்மா மட்டும் தூங்குகிற கம்ப்யூட்டரைப் பார்த்ததும் சுவர் ஸ்விட்சையும் சேர்த்து அணைக்கும் வரை. பிளக்கில் கரண்டே இல்லாவிட்டால் 16 என்ன, சகஸ்ரநாமம் சொன்னாலும் எழாது.

இத்தனைக்கும் பிறகு உள்ளே போய்விட்டார் என்றே வைத்துக்கொள்ளுங்கள். திரை மேலிருந்து கீழே பட்டை பட்டையாக இறங்கும். முதலில் பழனி முருகனின் வேல், பிறகு கிரீடம், பிறகு முகம், அதற்குள் டீ ஆறிவிடும். மவுஸை இங்கே நகர்த்தினால் அங்கே ஒரு விநாடி கழித்து நகரும். "உள்ளே போயிட்டேன் சார்!" என்று அறிவிப்பார். சுற்றி நிற்போம். அடுத்து என்ன செய்வார் என்று நினைக்கிறீர்கள்? ரைட் கிளிக். ரீஃப்ரெஷ். இன்னொரு ரீஃப்ரெஷ். ஐகான்கள் ஒருமுறை சிமிட்டும். திருப்தியாகத் தலையாட்டிவிட்டு இணைப்பைத் துண்டித்துவிடுவார். அவ்வளவுதான்.

ஒரு நல்லது நடந்தது என்பதையும் சொல்ல வேண்டும். அவர் உள்ளே போனால் வீட்டுத் திரையில் மவுஸ் அம்பு தானாக நகரும். மத்தியானத் தனிமையில் அந்த அம்மா அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார் என்று தெரிந்ததும், சார் நோட்பேடைத் திறந்து 'காபி குடிச்சியா' என்று தட்டத் தொடங்கினார். அம்மா உடனே போன் போட்டு, "வந்துட்டியா? குடிச்சாச்சு" என்பார். போனிலேயே கேட்டிருக்கலாமே என்று யாரும் கேட்கவில்லை.

ஆனால் எனக்கு இருக்கும் வயிற்றெரிச்சலைச் சொல்லாமல் விட முடியாது. ஆடிட்டில், ஒரு வீட்டு முகவரிக்கு மணிக்கணக்கில் பூட்டிய இணைப்பு ஒன்று ஓடுகிறது என்று கண்டுபிடித்தார்கள். யார் என்று பெயர் சொல்லவில்லை, தண்டனையைத் தளம் முழுக்கப் பங்கு போட்டார்கள். பர்சனல் மெயில் போயிற்று. ரயில் டிக்கெட் சைட் போயிற்று, தீபாவளிக்கு முந்தின மாதம். பென் டிரைவ் போயிற்று. எல்லோருக்கும் பாதுகாப்புப் பயிற்சி, முடிவில் தேர்வு. டனல் சார்தான் அதிலும் முதல் மார்க்.

பயிற்சியில் சொன்னது பொய்யும் இல்லை. பாஸ்வேர்டுகளைப் பத்திரமாக வைத்துத் தருவதே தொழிலான லாஸ்ட்பாஸ் நிறுவனத்தில் 2022இல் என்ன நடந்தது? ஒரு இன்ஜினியரின் வீட்டு கம்ப்யூட்டரில் படம் பார்க்கும் மென்பொருள் ஒன்றில் இருந்த ஓட்டை வழியாகத் திருடன் நுழைந்தான். விசைப்பலகையில் அவர் தட்டியதை எல்லாம் பிடித்தான். அங்கிருந்து கம்பெனிப் பெட்டகம் வரை போய்விட்டான். வீட்டிலிருந்து ஆபீஸுக்கு வழி இருந்தால் அதில் வீட்டுக்காரன் மட்டும்தான் நடக்க வேண்டும் என்று சட்டம் கிடையாது.

இதைச் சொன்னால் சிரிப்பார். சுரங்கத்தை ஆபீஸில் பிடுங்கிவிட்டதால், செல்போனிலிருந்தாவது உள்ளே போக வேண்டும் என்று வீட்டுத் திரையைத் தூரத்துக்குக் காட்டுகிற விஎன்சியின் 5900ஆம் போர்ட்டை ஊருக்கே நேராகத் திறந்து வைத்திருந்தார். பழைய விஎன்சி பாஸ்வேர்டில் 8 எழுத்துக்கு மேல் கணக்கில் எடுக்காது. அதனால் என்ன, அம்மா பெயரே ஏழு எழுத்துதான் என்றார்.

போன வாரம் மீட்டிங். கிளையன்ட் லைனில் இருக்கிறார். டனல் சார் என் எதிரில், லேப்டாப்பை மூடி, போனைக் கவிழ்த்து வைத்து, இரண்டு கையையும் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். போன் அதிர்ந்தது. அம்மா. எடுத்து வாயைப் பொத்திக்கொண்டு "மீட்டிங்ல இருக்கேம்மா" என்றார். அந்தக் குரலைப் பொத்த யாரால் முடியும்? எங்களுக்கும் கேட்டது, கிளையன்டுக்கும் கேட்டிருக்கும்.

"வந்துட்டியாடா? அம்பு நகர்றதே. என்னென்னமோ தொறந்து தொறந்து பாக்கறே. என்ன தேடறே, சொல்லு, நான் எடுத்துத் தரேன்."

"ஆஃப் பண்ணும்மா! மோடத்தை ஆஃப் பண்ணு!"

"சரி. பத்து எண்ணட்டுமா?"