மாமா பதில்கள்: அமெரிக்கப் பாலை ஸ்பெஷல்

பணி ஓய்வு பெற்றவர், ஸ்ரீரங்கம்: மகன் லாஸ் ஏஞ்சலஸில் இருக்கிறான். லாஸ் வேகாஸ், ஜயான், பிரைஸ், கிராண்ட் கேன்யன், மானுமென்ட் வேலி, டெத் வேலி எல்லாவற்றையும் நாலே நாளில் காரில் பார்த்துவிடலாம் என்கிறான். முடியுமா மாமா?

கார் பார்த்துவிடும். நீங்கள் பார்ப்பதுதான் கஷ்டம். லாஸ் ஏஞ்சலஸிலிருந்து வேகாஸுக்கே 435 கி.மீ. அங்கிருந்து கிராண்ட் கேன்யன் தெற்கு விளிம்புக்கு இன்னொரு 450. குறைந்தது ஒரு வாரம் ஒதுக்குங்கள், அப்போதும் பட்டியலில் ஒரு பெயரை அடியுங்கள். வேகாஸை அடித்தால் பர்ஸும் பிழைக்கும்.

புதுக் கணவர், கோவை: கிராண்ட் கேன்யனில் தெற்கு விளிம்புக்கும் வடக்கு விளிம்புக்கும் 16 கி.மீ.தான் என்று மேப் காட்டுகிறது. மத்தியானம் சாப்பிட்டுவிட்டு அந்தப் பக்கம் போய் வந்துவிடலாமா?

காக்காயாக இருந்தால் போய் வரலாம். காரில் சுற்றிக்கொண்டு போக சுமார் 345 கி.மீ., ஐந்து மணி நேரம். நடுவில் ஒன்றரை கி.மீ. ஆழத்துக்குப் பள்ளம் இருப்பதை மேப் சொல்லாது. வடக்கு விளிம்பில் இருந்த பழைய லாட்ஜையும் 2025 ஜூலையில் காட்டுத்தீ தின்றுவிட்டது. குளிர்காலத்தில் அங்கே போகும் சாலையையே மூடிவிடுவார்கள். தெற்கு விளிம்பு வருஷம் முழுக்கத் திறந்திருக்கும். தயிர்சாதத்தை அங்கேயே பிரியுங்கள்.

பக்தை, திருவல்லிக்கேணி: அந்த வனாந்தரத்தில் கும்பிட ஒரு கோயில் உண்டா?

ஒன்றா? பள்ளத்தாக்குக்குள்ளேயே விஷ்ணு கோயில், சிவன் கோயில், பிரம்மா கோயில் மூன்றும் இருக்கின்றன. அர்ச்சகர்தான் இல்லை. மூன்றும் பாறைச் சிகரங்கள். 1880களில் அங்கே ஆய்வு செய்த கிளாரன்ஸ் டட்டன் என்ற புவியியலாளர், சிகரங்களுக்குச் சாமி பெயர் வைக்கும் பழக்கத்தைத் தொடங்கிவிட்டுப் போனார். அடியில் கிடக்கும் சுமார் 170 கோடி வருஷத்துப் பாறைக்கும் விஷ்ணு பெயர்தான்.

1937-ல் ஒரு கூத்து. சிவன் கோயில் உச்சி காலங்காலமாகத் தனித்துக் கிடக்கிறதே, உலகம் பார்க்காத பிராணி ஏதாவது அங்கே இருக்கும் என்று நியூயார்க்கின் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் ஒரு படையையே அனுப்பியது. மூச்சு வாங்க மேலே ஏறியவர்களுக்குக் கிடைத்தது, கோடக் ஃபிலிமின் காலிப் பெட்டி. எமரி கோல்ப் என்ற உள்ளூர்ப் போட்டோகாரர் முன்னமே ஏறி இறங்கியிருந்தார். சாமி பார்க்கப் போனால் நமக்கு முன்னால் ஒருத்தர் நின்று மறைப்பது அங்கேயும் உண்டு.

சாப்பாட்டுப் பிரியர், மதுரை: சாமி இருக்கட்டும். புளியோதரை?

புறப்படுவதற்கு முன்பே லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் கலபாசஸில் இருக்கும் வேங்கடேஸ்வரர் கோயிலுக்குப் போய்விடுங்கள். மலிபு கோயில் என்றால் எல்லோருக்கும் தெரியும். அதற்கப்புறம் பாலைவனம் முழுக்க உருளைக்கிழங்கு வறுவல்தான் சைவம்.

20 வருஷ டிரைவர், சென்னை: அங்கே சாலையில் வலப்பக்கம் ஓட்ட வேண்டுமாமே. பழகுமா?

சென்னையில் 20 வருஷமா? எல்லாப் பக்கமும் ஓட்டிப் பழகியிருப்பீர்கள். சிரமம் வேறு இடத்தில். 'ஸ்டாப்' பலகை இருந்தால், கண்ணுக்கு எட்டிய தூரம் ஆளே இல்லாவிட்டாலும் வண்டி முழுசாக நிற்க வேண்டும். அதுதான் உங்களுக்குப் புது அனுபவம்.

நல்ல நேரம் பார்ப்பவர், காரைக்குடி: அரிசோனாவில் கடிகாரத்துக்குப் பைத்தியம் பிடித்துவிடும் என்கிறார்களே?

கோடையில் பிடிக்கும். யூட்டாவிலிருந்து அரிசோனாவுக்குள் நுழைந்தால் ஒரு மணி நேரம் பின்னால். கடிகாரத்தை வருஷத்துக்கு இரண்டு தடவை திருகும் வேலையே வேண்டாம் என்று சொன்ன மாநிலம் அது. அதற்குள்ளே இருக்கும் நவாஹோ பழங்குடியினரின் நாடு திருகும், அதனால் ஒரு மணி முன்னால். நவாஹோவுக்கு நடுவில் இருக்கும் ஹோப்பி பழங்குடியினரின் நிலம் திருகாது, மறுபடி பின்னால். ராகுகாலம் பார்த்துத்தான் கிளம்புவேன் என்றால் அன்றைக்கு வண்டியை எடுக்கவே முடியாது.

கணக்குப்பிள்ளை, விருதுநகர்: தேசியப் பூங்காக்களில் வெளிநாட்டாருக்குத் தனி வசூலாமே?

2026 முதல் ஆமாம். கிராண்ட் கேன்யன், ஜயான், பிரைஸ் உட்பட 11 பூங்காக்களில், 16 வயது ஆனவர்களுக்கு வழக்கமான நுழைவுச் சீட்டுக்கு மேல் தலைக்கு 100 டாலர். 250 டாலருக்கு ஆண்டுச் சீட்டு எடுத்தால் அந்த நூறு இல்லை. மூன்று பூங்கா போகிறவர் எது லாபம் என்று என்னைக் கேட்கக் கூடாது, விருதுநகர்க்காரர் வேறு. மானுமென்ட் வேலியில் அந்தச் சீட்டு செல்லாது. அது நவாஹோக்களின் சொந்தப் பூங்கா, தனிக் கட்டணம். அநியாயம் என்று பொங்காதீர்கள். தாஜ்மகாலில் அவர்களிடம் நாம் என்ன வாங்குகிறோம் என்று யோசியுங்கள்.

அவசரக்காரர், திருப்பூர்: வேகாஸிலிருந்து இரண்டரை மணி நேரத்தில் கிராண்ட் கேன்யன் என்று டூர்காரர் சொல்கிறார். கண்ணாடிப் பாலமும் உண்டாம்.

அது மேற்குப் பக்கம். ஹுவாலபாய் பழங்குடியினர் 2007-ல் திறந்த கண்ணாடிப் பாலம். பள்ளத்தாக்கு அதேதான், ஆனால் தேசியப் பூங்கா அங்கே இல்லை. போட்டோவில் பார்த்து ஏங்கிய காட்சி தெற்கு விளிம்பில் இருக்கிறது. மேற்கு மாம்பலத்தில் இறங்கி மெரினா எங்கே என்று தேடாதீர்கள்.

இளைஞர், சேலம்: வேகாஸ் சூதாட்ட அரங்குகளில் ஏன் கடிகாரமே இல்லை?

உங்கள் கையில்தான் ஒன்று இருக்கிறதே. வெளியே வரும்போதும் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

தைரியசாலி, வேலூர்: எங்கள் ஊர் வெயிலைப் பார்த்த எனக்கு ஜூலையில் டெத் வேலி ஒரு பொருட்டா?

1913 ஜூலை 10 அன்று அங்கே 56.7 டிகிரி செல்சியஸ். உலகச் சாதனையாக எழுதி வைத்திருப்பது அதுதான். ஃபாரன்ஹீட்டில் 134. அதைக் கொண்டாட, வழியில் பேக்கர் என்ற ஊரில் 134 அடி உயரத்துக்குத் தெர்மாமீட்டர் நட்டிருக்கிறார்கள். 2013-ல் பூங்காக்காரர்கள், தயவுசெய்து தரையில் முட்டை உடைத்துப் பொரிக்காதீர்கள், ஓடு பொறுக்கி மாளவில்லை என்று கெஞ்சினார்கள். சிரித்தாகிவிட்டதா? இப்போது இதையும் கேளுங்கள். உச்ச வெயிலில் காற்று மெலிந்துவிடும், மீட்பு ஹெலிகாப்டரே எழும்பாது. நவம்பர் முதல் மார்ச் வரை போங்கள். தைரியத்தை வேலூரிலேயே செலவழியுங்கள்.

ஐ.டி. ஊழியர், சோழிங்கநல்லூர்: போன் மேப்பை நம்பிப் போகலாமா?

அதை நம்பிப் பாழடைந்த மண்சாலையில் மாட்டிக்கொண்டவர்கள் பெருகியதும், டெத் வேலி காவலர்கள் 'ஜிபிஎஸ் மரணம்' என்று ஒரு பெயரே வைத்துவிட்டார்கள். சிக்னல் போகும், பேட்டரி போகும். காகித வரைபடத்துக்குச் சார்ஜ் வேண்டாம்.

அமானுஷ்ய ரசிகை, தஞ்சாவூர்: டெத் வேலியில் கல் தானாக நகர்கிறதே, பேய்தானே?

குளிர்காலத்தில், கல் நகரும் அந்தக் களிமண் தரையில் தேங்கும் கொஞ்சூண்டு தண்ணீர் கண்ணாடித் தகடுபோல உறையும். வெயில் ஏறியதும் தகடு உடையும். லேசான காற்று தகட்டைத் தள்ளும், தகடு கல்லைத் தள்ளும். கல்லிலேயே ஜிபிஎஸ் கட்டிக் காத்துக் கிடந்தவர்கள் 2013 டிசம்பரில் கண்ணாலேயே பார்த்துவிட்டார்கள். போகும் வழி 43 கி.மீ. கரடுமுரடு மண்சாலை. வாடகைக் காரின் டயர் வெடித்ததும் உங்கள் வீட்டுக்காரர் போடும் கூச்சல்தான் அங்கே கேட்கும் பேய்ச் சத்தம்.

புராண ரசிகர், கும்பகோணம்: பிரைஸ் கேன்யனில் மனிதர்களே கல்லாகி நிற்பதுபோல இருக்குமாமே?

பையூட் பழங்குடியினர் கதை அப்படித்தான். தீயவர்களைக் கயோட்டி தெய்வம் கல்லாக்கியது. அகலிகை கதைதான், ராமர் இன்னும் அந்தப் பக்கம் போகவில்லை. அங்கே குடியேறி மாடு மேய்த்த எபனேசர் பிரைஸுக்குப் புராணமும் தெரியாது, அழகும் கண்ணில் படவில்லை. மாடு தொலைந்தால் தேட முடியாத இடம் என்று அலுத்துக்கொண்டாராம். அவர் பெயரையே வைத்துவிட்டார்கள்.

போட்டோ பைத்தியம், புதுச்சேரி: ஆன்டிலோப் கேன்யனுக்குள் வழிகாட்டி இல்லாமல் நைஸாக நுழைய முடியுமா?

முடியாது, முயலவும் வேண்டாம். 1997 ஆகஸ்டில் அந்தப் பாறை இடுக்குக்குள் வெள்ளம் புகுந்து 11 பயணிகள் போய்விட்டார்கள். மழை பெய்ததோ பல மைல் தள்ளி. நவாஹோ வழிகாட்டி வேண்டாம் என்று சொன்னால் பேரம் பேசாமல் திரும்புங்கள்.

சேகரிப்பாளர், ராமநாதபுரம்: கல்மரப் பூங்காவில் ஒரே ஒரு சின்னத் துண்டு, நினைவுக்காக?

எடுத்தவர்கள் பலர் அப்புறம் மன்னிப்புக் கடிதத்தோடு பார்சலில் திருப்பி அனுப்புகிறார்கள், வீட்டில் கெட்டது நடக்கிறதாம். எங்கே இருந்த கல் என்று தெரியாததால் பழைய இடத்தில் வைக்கவும் முடியாது. 'மனசாட்சிக் குவியல்' என்று தனியாகக் கொட்டி வைத்திருக்கிறார்கள். தபால் செலவுக்குப் பயந்தாவது விட்டுவிடுங்கள்.

பயந்த சுபாவம், நாகர்கோவில்: சின்ன ஊரில் ராத்திரி தங்க நேர்ந்தால் நம்மவர் யாராவது இருப்பார்களா?

மோட்டல் வரவேற்பறையில் மணியை அடியுங்கள். அநேகமாகப் பட்டேல் வருவார். அந்நாட்டு மோட்டல்களில் ஏறக்குறையப் பாதி இந்திய வம்சாவளியினர் கையில், பெரும்பாலோர் குஜராத்திகள். 'கேம் சோ' என்று விசாரியுங்கள், முகம் மலரும். வாடகை அப்படியே இருக்கும்.

சர்க்கரை நோயாளி, ஈரோடு: வழியில் டாய்லெட்?

யூட்டாவில் கிரீன் ரிவரிலிருந்து சலைனா வரை சுமார் 170 கி.மீ.க்கு பெட்ரோல் பங்க்கே கிடையாது. போர்டைப் பார்த்ததும் டேங்க்கை நிரப்புங்கள், உங்கள் டேங்க்கைக் காலி செய்யுங்கள்.

68 வயது இளைஞர், திருச்சி: நாலு மாநிலங்கள் சந்திக்கும் புள்ளியில் கை இரண்டு, கால் இரண்டு ஊன்றிக் குனிந்து படம் எடுத்துக்கொள்ள ஆசை.

ஒரே நேரத்தில் அரிசோனா, யூட்டா, கொலராடோ, நியூ மெக்சிகோ! குனியக் கட்டணம் சில டாலர். நிமிர முடியாமல் போனால் அமெரிக்க எலும்பு டாக்டர் கேட்பது, உங்கள் விமான டிக்கெட்டைத் தாண்டும். பயணக் காப்பீடு எடுத்துவிட்டுக் குனியுங்கள்.