ஆறாயிரத்துச் சொச்சம்

மாகாண சபைத் தேர்தல் முடிவுகளை இருந்த இடத்திலிருந்தே பார்க்கப் புல்மோட்டையில் இன்று சகல வசதியும் உண்டு. போனில் சிக்னலுக்குக் குறைவில்லை. தொகுதி தொகுதியாக நிறம் மாறும் வரைபடம் உள்ளங்கையில் விரிகிறது. யாருக்கு எத்தனை வாக்கு என்பது சுபஹுத் தொழுகைக்கு முன் வந்து சேர்ந்துவிடும். தேர்தல்தான் இல்லை.

கிழக்கு மாகாண சபைக்கு நாங்கள் கடைசியாக வாக்களித்தது 2012 செப்டம்பர் 8, சனிக்கிழமை. ‘அடுத்த முறை எனக்கும் வோட் இரிக்கி’ என்று அன்று வேலியோரம் நின்று சொன்ன பதினேழு வயதுப் பையன் இன்று முப்பது தாண்டி, தாடியில் நரை எட்டிப் பார்க்க, பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு வருகிறான். அந்த அடுத்த முறை இன்னும் புறப்படவில்லை.

வாப்பாவின் காலத்தில் வசதி இல்லை, முடிவு இருந்தது. 1988 நவம்பர் 19 அன்று வடகிழக்கு மாகாண சபைக்கு வாக்கெடுப்பு நடந்தபோது எங்கள் வீட்டின் தேர்தல் அலுவலகம் ஒரு பழைய ரேடியோ. பட்டரி தளர்ந்தால் உம்மா அதை எடுத்து மிளகாய் காயும் பாயின் ஓரத்தில் வெயிலில் வைப்பார். வெயில் பிடித்த பட்டரியில் ஒரு செய்தி அறிக்கை கேட்கலாம்; வானிலை அறிக்கை வருவதற்குள் குரல் கம்மிவிடும். இந்தியப் படை காவல் நிற்க நடந்த தேர்தல் அது. வடக்கில் 36 ஆசனங்களுக்கும் போட்டியே இல்லை. ஈபிஆர்எல்எஃப் 24, ஈஎன்டிஎல்எஃப் 12 என்று வாக்குச் சீட்டு அச்சிடாமலே பங்கு முடிந்தது. கிழக்கில்தான் பெட்டி வைத்தார்கள். 35 ஆசனங்களில் ஈபிஆர்எல்எஃப்புக்கு 17, அப்போதுதான் முளைவிட்டிருந்த முஸ்லிம் காங்கிரஸின் மரச் சின்னத்துக்கு 17, ஐக்கிய தேசியக் கட்சியின் யானைக்கு ஒன்று. கிழக்கை மட்டும் பிரித்துப் பார்த்தால் சமம். பிரித்துப் பார்க்க முடியாதபடி வடக்கோடு சேர்த்துக் கட்டியிருந்ததால் 41க்கு 17.

வாப்பா கனிய மணல் கூட்டுத்தாபனத்தில் வேலை பார்த்தவர். 1957இல் தொடங்கிய அந்தக் கூட்டுத்தாபனம்தான் எங்கள் ஊரின் முகவரி. கடற்கரையில் கறுப்பாகப் படிந்து கிடக்கும் மணலில் இல்மனைட்டும் ரூட்டைலும் சிர்க்கோனும் இருப்பதாக நாங்கள் எழுத்துப் படிக்கும் முன்னரே அறிவோம். சபை திருகோணமலைக்கு வந்துவிட்டது, இனி மணலும் மாகாணத்துக்கு வந்துவிடும் என்பது வாப்பாவின் கணிப்பு. மணல் வழமைபோல் கப்பலேறி வெளிநாடு போனது. கணக்கு வழமைபோல் கொழும்புக்குப் போனது. முதலமைச்சர் வரதராஜப் பெருமாளும் 1990 மார்ச்சில், இந்தியப் படை திரும்பிய சமயத்தில், இந்தியாவுக்குப் போனார். அதன் பிறகு பதினெட்டு வருடம் சபைக்குத் தேர்தல் இல்லை. ஆளுநர் இருந்தார். இந்த நாட்டில் ஆளுநர் இல்லாமல் போன நாள் ஒன்றைச் சொல்லுங்கள் பார்ப்போம்.

2006இல் உயர் நீதிமன்றம் வடகிழக்கு இணைப்புச் செல்லாது என்றது. 2008 மே 10 அன்று கிழக்குக்குத் தனியாகத் தேர்தல். தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு ஒதுங்கிக்கொண்டது. மரக்காரர் யானையில் ஏறி நின்றார்கள். அவர்களின் தலைவர் ரவூப் ஹக்கீம் நாடாளுமன்ற ஆசனத்தைத் துறந்து திருகோணமலையில் கேட்டார். அரசாங்கத்தின் வெற்றிலை 20, யானை 15. பிள்ளையான் முதலமைச்சர். யுத்தத்தின் நடுவில் நடந்த தேர்தல் என்பதால், முடிவு கேட்க ராத்திரி வெளியில் போய்க் கூடியிருந்ததாக யாரும் சொல்லிக்கொள்வதில்லை.

கூடியிருந்து கேட்டது 2012இல்தான். யுத்தம் முடிந்துவிட்டது. இறக்கக்கண்டியில் பாலம் வந்துவிட்டது. வாக்குப் பெட்டி பாதையில் ஏறி ஆடி ஆடித் துறை கடக்க வேண்டிய அவசியம் இல்லை. ஊருக்குள் ராத்திரி திறந்திருந்த ஒரே தேத்தண்ணிக் கடையில் ஒரு டீவி, ஒரு ரேடியோ. இரண்டையும் ஒரே நேரத்தில் போட்டு வைத்திருந்தார் கடைக்காரக் காக்கா. எது முந்துகிறது என்று பார்க்கத்தான். பெரும்பாலும் இரண்டையும் முந்தியது திருகோணமலையிலிருந்து யாரோ ஒருவரின் மச்சான் எடுக்கும் கோல். அவர் சொன்னது பெரும்பாலும் பிழை.

கணக்குப் பிள்ளையாக எங்கள் பழைய கணித ஆசிரியர். எல்லோருக்கும் அவர் ‘சேர்’தான், அவருடைய வயதொத்தவர்களுக்கும்கூட. ஒரு சீ.ஆர். கொப்பியை நீளவாக்கில் கோடு போட்டு வெற்றிலை, கூட்டமைப்பின் வீடு, மரம், யானை என்று தலைப்பிட்டிருந்தார். ஐந்தாவதாக ஒரு வரிசை தேவைப்படும் என்று அவருக்கே தெரியாது.

அந்தத் தேர்தலின் வேடிக்கையை இளையவர்களுக்கு விளக்குவது கஷ்டம். மரத்தின் தலைவர் ஹக்கீம் அப்போது அரசாங்கத்தில் நீதியமைச்சர். அதே அரசாங்கத்தின் வெற்றிலையை எதிர்த்து மரம் தனியாகக் கேட்டது. மற்ற முஸ்லிம் கட்சிகளின் தலைவர்கள் ரிஷாத் பதியுதீனும் அதாவுல்லாவும் வெற்றிலைக்குள். ஆகவே வெற்றிலைக்குப் போட்டாலும் மரத்துக்குப் போட்டாலும் வாக்கு கடைசியில் ஒரே வீட்டுக்குள் போய்ச் சேரும் என்று சிலர் சொன்னார்கள். அப்படிச் சொன்னவர்களைக் கடையில் யாரும் மதிக்கவில்லை. அவர்கள் சொன்னதுதான் நடந்தது.

சாமம் தாண்டியும் தபால் மூல வாக்குக்கு மேல் ஒன்றும் நகரவில்லை. அந்த இடைவெளிகளைத்தான் இப்போது நினைக்கிறேன். ஒரு முடிவுக்கும் அடுத்த முடிவுக்கும் நடுவில் மூன்று பிளேன்டீ குடிக்கலாம், ஒரு சண்டை பிடிக்கலாம், அதே சண்டையைச் சமாதானமும் ஆக்கலாம். மூதூர் வர வேண்டும், சேருவில வர வேண்டும் என்று சேர் விரல் விடுவார். சேருவில வந்ததும் வெற்றிலைக்காரர் எழுந்து நிற்பார். அடுத்தது வந்ததும் உட்காருவார். வெடிக்கட்டு இரண்டு கட்சிக்காரரிடமும் இருந்தது. கடனுக்கு வாங்கியது. தோற்றால் திருப்பிக் கொடுக்கலாம் என்று கடைக்காரரிடம் ஒப்பந்தம்.

விடியப்புறம் மாவட்ட முடிவை எழுதும்போது சேரின் கை நடுங்கியது. குளிரில் என்றார், செப்டம்பர் மாதத்தில். வீடு 44,396. வெற்றிலை 43,324. ஆயிரத்து எழுபத்திரண்டு வித்தியாசம். இருவருக்கும் மும்மூன்று ஆசனம். மரம் 26,176, இரண்டு. யானை 24,439, ஒன்று. பிறகு அந்த ஐந்தாவது: விமல் வீரவன்சவின் தேசிய சுதந்திர முன்னணி 9,522, ஒன்று. சேர் கொப்பியின் ஓரத்தில் இடம் தேடி அதைச் செருகினார்.

“மொத்தத்த செல்லுங்க சேர்.”

“பொறு. மட்டக்களப்பு, அம்பாறை போட்டுக் கூட்ட வேணும்.”

மட்டக்களப்பில் வீட்டுக்கு 104,682. அம்பாறையில் வெற்றிலைக்கு 92,530, மரத்துக்கு 83,658. சேர் இரண்டு தரம் கூட்டினார், கீழிருந்து மேலாக மூன்றாம் தரமும். மாகாணம் முழுக்க வெற்றிலை 200,044. வீடு 193,827. ஆறாயிரத்து இருநூற்றுப் பதினேழு வாக்கு கூட. மாகாணத்தில் முதலாவது வருகிற கட்சிக்கு இரண்டு போனஸ் ஆசனம் என்பது அன்றைய சட்டம். அந்த இரண்டும் வெற்றிலைக்குப் போய் 14 ஆயிற்று. வீட்டுக்கு 11, மரத்துக்கு 7, யானைக்கு 4, வீரவன்சவுக்கு 1. சபையில் 37 ஆசனம், ஆட்சிக்கு 19 வேண்டும்.

சேர் இன்னொரு கூட்டலும் போட்டார். வெற்றிலையும் வீரவன்சவும் 15. வீடும் யானையும் 15. நடுவில் 7. கொப்பியைத் திருப்பி எல்லோருக்கும் காட்டினார். சுருட்டுக் குடித்துக்கொண்டிருந்த கிழவர் ஒருவர் கேட்டார்: “அப்ப, நாம வெண்டமா தோத்தமா?”

மூன்றாம் இடத்துக்கு வந்து வென்ற கட்சி என்றால் என்னவென்று புரிய ஊருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் மரக்காரர் வெடி கொளுத்தினார்கள். வெற்றிலைக்காரரும் கொளுத்தினார்கள். வெடிக்கட்டு ஒன்றும் திரும்பி வரவில்லை. அன்று ஊரில் தெளிவாக வென்றவர் கடைக்காரர் ஒருவர்தான்.

அடுத்த பத்து நாளும் முடிவு கொழும்பில் எண்ணப்பட்டது. அந்த எண்ணிக்கையைச் சேரால் கூட்ட முடியவில்லை. முதலமைச்சர் பதவியையே தருகிறோம், வாருங்கள் என்று கூட்டமைப்பின் சம்பந்தன் ஐயா மரத்தைக் கூப்பிட்டார். மரம் வெற்றிலைப் பக்கம் சாய்ந்தது. செப்டம்பர் 18 அன்று கிண்ணியாவின் நஜீப் அப்துல் மஜீத், வெற்றிலைப் பட்டியலில் வந்தவர், முதலமைச்சராகப் பதவியேற்றார். எங்கள் மாவட்டத்துக்காரர் என்று சந்தோஷப்பட்டவர்களும், ஏழு பேர் கொடுத்த மரத்துக்கு ஏன் கிடைக்கவில்லை என்று கொதித்தவர்களும் ஒரே வாங்கில்தான் உட்கார்ந்திருந்தார்கள். அன்றைக்கு வந்த கோல் ஒன்று மறக்காது. திரியாயில் எனக்கு ஒரு சிநேகிதன், வீட்டுக்கு விழுந்து விழுந்து வேலை செய்தவன். போனை எடுத்ததும் சலாமும் இல்லை, வணக்கமும் இல்லை.

“மச்சான், உங்கட மரம் எங்கட வீட்டுக்கு மேல விழுந்திட்டு.”

இரண்டரை வருடம் அந்தப் பகிடி ஓடியது. கொழும்பில் ஆட்சி மாறி, 2015 பெப்ரவரியில் மரத்தின் ஹாபிஸ் நஸீர் அகமட் முதலமைச்சராகி, வீட்டிலிருந்து தண்டாயுதபாணி கல்வியமைச்சராகவும் துரைராஜசிங்கம் விவசாய அமைச்சராகவும் சேர்ந்தபோது திரியாயிலிருந்து திரும்பவும் கோல்: “விழுந்த மரத்த அரிஞ்சு முகட்டு வளை போட்டாச்சு மச்சான். பாவு நல்லம்.” வாக்கு ஒன்றும் மாறவில்லை, கொப்பியில் அதே 14, 11, 7. ஒரே எண்ணிலிருந்து இரண்டு ஆட்சி. சேர் ஆயுள் முழுக்கக் கணிதம் படிப்பித்தவர். இந்த விடையை மட்டும் அவர் ஒத்துக்கொள்ளவில்லை.

சபை 2017 செப்டம்பர் 30 அன்று ஆயுள் முடிந்து கலைந்தது. தேர்தல் முறையைத் திருத்துகிறோம் என்று அதே மாதம்தான் நாடாளுமன்றம் ஒரு சட்டத்தைக் கொண்டுவந்திருந்தது. புதிய எல்லைகளை வகுத்த அறிக்கை 2018 ஆகஸ்ட் 24 அன்று வாக்கெடுப்புக்கு வந்தது. எதிராக 139. ஆதரவாகப் பூச்சியம். அறிக்கையைக் கொண்டுவந்து சமர்ப்பித்த அமைச்சரே எதிர்த்து வாக்களித்தார். ஆறாயிரத்துச் சொச்சத்துக்காக விடிய விடிய விழித்திருந்த ஊருக்கு இப்படியொரு முடிவு புதிது. யாரும் தோற்காத தேர்தலைக் கேள்விப்பட்டதுண்டு. யாருமே வெல்லாத வாக்கெடுப்பை அன்றுதான் பார்த்தோம். பழைய முறை சட்டத்தில் இல்லை, புதிய முறை நடைமுறைக்கு வரவில்லை. இந்த இரண்டு இல்லைகளுக்கும் நடுவில் ஆளுநர்கள் மட்டும் சுகமாக வந்து போகிறார்கள். நடத்துவோம் என்று வருகிற அரசாங்கமெல்லாம் சொல்கிறது.

இப்போது முடிவு பார்ப்பது என்றால் என் மருமகனோடுதான். 2024 நவம்பர் 14 நாடாளுமன்றத் தேர்தல் இரவில் அவன் கட்டிலில் படுத்துக்கொண்டே நாடு முழுவதையும் பார்த்தான். வரைபடம் ஒரே நிறமாகிக்கொண்டு வந்தது. கடைசியில் தேசிய மக்கள் சக்தியின் திசைகாட்டிக்கு 225இல் 159. திருகோணமலையும் அந்த நிறம்தான். கூட்ட ஒன்றும் இல்லை. சதவீதம் தசமத்தோடு தானாகவே வந்து நிற்கிறது. முடிவும் அதற்கான வசையும் ஒரே நொடியில் வருகின்றன. தேத்தண்ணி ஆறும்வரை கோபத்தை வைத்திருக்க வேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை. திட்டுகிறவன் எந்த ஊர்க்காரன் என்றும் தெரிவதில்லை. கடையில் அப்படித் திட்டினால் அடுத்த நாள் அதே வாங்கில் வந்துதான் உட்கார வேண்டும். அந்தப் பயம் எவ்வளவு நல்ல பயம்.

பன்னிரண்டு மணிக்கெல்லாம் அவன் கிரிக்கெட்டுக்குத் தாவிவிட்டான். மாகாண சபையைப் பற்றிச் சொல்லப் புறப்பட்டேன். 139க்குப் பூச்சியம் கதை வரைக்கும் வந்தபோது கேட்டான்:

“மாமா, பூச்சியம் எடுத்த டீம்ல யாரு விளையாடின?”

நான் அந்தக் கேள்வியை அப்படியே திரியாய்க்கு அனுப்பினேன். குரல் பதிவில் பதில் வந்தது. பின்னால் மாட்டின் மணிச் சத்தம், இருமல், பிறகு அவன்:

“அவனுக்குச் சொல்லு மச்சான், மரமும் நிக்குது, வீடும் நிக்குது. காணி உறுதிதான் கொழும்பில கிடக்கு.”

மருமகன் கேட்டுவிட்டுச் சிரித்தான். எந்தக் காணி என்று கேட்கவில்லை. இந்தப் பக்கத்தில் அதை யாரும் விளக்க வேண்டியதில்லை.