டாட் ஃபோர் சார்

சென்னையில் கொஞ்சம் பெரிய அடுக்ககம் எதுவானாலும் அங்கே இவர் ஒருவர் கட்டாயம் உண்டு. வங்கியிலோ மின்வாரியத்திலோ இருந்து ஓய்வு பெற்றவர். காலை நடைக்கென்று கீழே இறங்குவார். நடப்பது லிஃப்டிலிருந்து கார் நிறுத்துமிடம் வரைதான். அங்கே போய்ப் போர்வையை உருவி, பானெட்டைத் தூக்கி நிறுத்தினால், மேலே இட்லி ஆறிப் போனதென்று நான்கு முறை ஆள் வந்து சொன்ன பிறகுதான் மூடுவார். இன்ஜின் ஆயில், கூலன்ட், பேட்டரி எல்லாவற்றுக்கும் ஒரு பார்வை உண்டு. ஆனால் மனிதர் உருகுவது பிரேக் ஆயிலுக்கு மட்டும்தான். குடியிருப்புப் பிள்ளைகள் வைத்த பெயர் ‘டாட் ஃபோர் சார்’. அவருக்கும் தெரியும். ‘டாட் த்ரீ சார்’ என்று வைத்திருந்தால்தான் வருத்தப்பட்டிருப்பார்.

இவரிடம் மாட்டுவது எப்போதும் அலுவலகத்துக்கு நேரமாகிவிட்ட ஆள்தான். “சார், பிரேக் ஆயில் கடைசியா எப்ப மாத்தினீங்க?” இதற்குச் சரியான பதில் உலகில் யாரிடமும் கிடையாது. “சர்வீஸ்ல மாத்தியிருப்பாங்க” என்று சொன்னீர்களோ, தொலைந்தீர்கள். “பில்லுல போட்டிருக்கானா?”

பிறகு பாடம் தொடங்கும். இந்தத் திரவம் கிளைக்கால் வகை. காற்றிலிருக்கும் ஈரத்தைக் குடித்துக்கொண்டே இருக்கும். மூடி இறுக்கமாக இருந்தாலும் ரப்பர் ஹோஸ் வழியாகக்கூட ஈரம் ஏறும். புது டாட் 3 குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்காமல் தாங்க வேண்டும். டாட் 4 என்றால் 230. அதில் 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்தால் அந்த வரம்பு முறையே 140, 155 என்று இறங்கிவிடும். பேரன் மார்க்கைத் தடுமாறிச் சொல்பவர் இந்த நான்கு எண்களையும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். “மலையில இறங்கும்போது பிரேக்கை மிதிச்சுக்கிட்டே வந்தா சூடு ஏறும். உள்ளே இருக்கிற தண்ணி ஆவியாகும். தண்ணியை நசுக்க முடியாது, ஆவியை நசுக்கலாம். நீங்க மிதிக்கிற மிதியெல்லாம் ஆவியை நசுக்கவே சரியாப் போயிடும். சக்கரத்துக்கு என்ன போகும்? பெடல் தரையைத் தொடும், நீங்க சாமியைத் தொடணும்!”

உடனே கல்லட்டி வந்துவிடும். ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் அந்தச் சாலையின் 36 கொண்டை ஊசி வளைவுகளையும் வளைவு வளைவாக வர்ணிப்பார். இரண்டாம் கியரிலேயே இறங்க வேண்டும், பெடல் பஞ்சாகிவிட்டால் கியரைக் குறைத்துக் கைப்பிரேக்கை மெல்ல இழுக்க வேண்டும், அது கேபிளில் வேலை செய்வதால் ஆயில் கொதித்தாலும் கைகொடுக்கும் என்றெல்லாம் சொல்வதைக் கேட்டால் நமக்குக் காது அடைக்கும். சார் ஊட்டிக்குப் போனது மலை ரயிலில். அவருடைய கார் போவது சனிக்கிழமை நங்கநல்லூர் ஆஞ்சநேயர் கோயிலுக்கு. மணிக்கு முப்பது கிலோமீட்டர் வேகத்தில். அந்த வேகத்தில் அவர் பிரேக் ஆயில் கொதிக்க வேண்டுமானால் கீழே அடுப்புதான் மூட்ட வேண்டும்.

வயிற்றெரிச்சல் என்னவென்றால், ஆள் சொல்வதெல்லாம் சரி. இந்தத் திரவம் கெடுவதற்குக் கிலோமீட்டர் கணக்கு முக்கியமில்லை, காலக் கணக்குதான். நிறுத்தியே வைத்திருந்தாலும் ஈரம் ஏறும். சென்னைக் காற்றில் அதற்கு என்ன குறைச்சல்! இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிற தயாரிப்பாளர்கள் பலர். அளவு குறைந்தால் உடனே ஊற்றாதே, பிரேக் பேட் தேய்ந்திருக்கிறதா, எங்காவது கசிகிறதா என்று முதலில் பார் என்பார். அதுவும் சரி. பேட் தேயத் தேய அளவு தானே இறங்கும். அதற்கு ஈடாக மேலே ஊற்றி வைத்தால், புது பேட் போடும் நாளில் பொங்கி வழியும்.

நான்காம் மாடிக் கணினித் தம்பியோடு இவருக்கு வருடக்கணக்காகப் போர். நான்கைவிட ஐந்து பெரிது, ஆகவே டாட் 5தான் உசத்தி என்பது தம்பியின் கட்சி. “அது சிலிகான்பா! கிளைக்காலோட சேராது. உன் வண்டிக்கு ஆகவே ஆகாது. நீ சொல்ல வந்தது ஐந்து புள்ளி ஒன்று. அது கிளைக்கால்!” அந்தப் ‘புள்ளி’யை அவர் அழுத்தும்போது தூணில் உட்கார்ந்திருக்கும் புறா பறக்கும். “மூடி மேலயே எழுதியிருக்கான், படிச்சுப் பாரு.”

இத்தனையும் தெரிந்தவர் தினமும் காலையில் செய்வது என்ன? அந்த மூடியைத் திறப்பது. உள்ளே இருப்பது வெளியிலிருந்தே தெரியட்டும் என்றுதான் அந்தக் குடுவையை ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக்கில் செய்து, குறைந்தபட்சம், அதிகபட்சம் என்று கோடும் போட்டிருக்கிறார்கள். சாருக்கு அது போதாது. திறந்து, எட்டிப் பார்த்து, பேனா மாதிரி ஒரு சோதனைக் கருவியை முக்குவார். பச்சை எரிந்தால் முகத்தில் ஒரு தெளிவு. மஞ்சள் எரிந்தால் அன்று வீட்டில் யாரும் டிவி போட முடியாது. அவர் எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிற நேரமெல்லாம் சென்னை ஈரம் வரவேற்பின்றி உள்ளே போய்க்கொண்டிருக்கும்.

அந்தப் பேனாவிலிருந்து என்றைக்கோ நான்கு சொட்டு மட்கார்டில் விழுந்திருக்கிறது. பிரேக் ஆயில் பெயின்ட்டைத் தின்னும், விழுந்த உடனே தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும் என்று ஊருக்கெல்லாம் சொல்கிறவர், அன்றைக்கு யாருக்கோ சொல்லிக்கொண்டிருந்ததில் கழுவ மறந்துவிட்டார். உள்ளங்கை அகலத்துக்கு உரிந்த இடத்தில் இப்போது ஆஞ்சநேயர் ஸ்டிக்கர் இருக்கிறது. பக்தி என்று நினைத்துக் கும்பிட்டுப் போகிறவர்களும் உண்டு.

வீட்டுப் பரணில் பாதி தீர்ந்த டின் ஒன்று இருக்கிறது. திறந்த டின்னில் மிஞ்சியதை வைத்திருந்து ஊற்றக் கூடாது என்பது அவர் பாடத்திலேயே வரும். ஆனால் காசு கொடுத்து வாங்கியதைக் கொட்ட எந்த ஓய்வூதியக்காரருக்கு மனம் வரும்? பிளாஸ்டிக் பையில் சுற்றி ரப்பர் பேண்ட் போட்டு வைத்திருக்கிறார். “ஏங்க, அந்த விஷத்தை நல்லெண்ணெய் டின் பக்கத்துல வைக்காதீங்கன்னு எத்தனை தடவை சொல்றது!” என்ற குரல் மாதமொருமுறை மூன்றாம் மாடியிலிருந்து கீழே வரை கேட்கும்.

ஆயில் மாற்றும் நாள் அந்தக் குடியிருப்புக்கே திருவிழா. தெருமுனை மெக்கானிக் தம்பி வந்து, மாஸ்டர் சிலிண்டருக்கு வெகு தூரத்திலிருக்கும் இடது பின்சக்கரத்தில் தொடங்குவார். நிப்பிளில் ஒரு டியூப், அதன் நுனி பாட்டிலில். பெடல் மிதிக்கும் பொறுப்பை சார் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை.

“மிதிங்க சார்... மிதிங்க... அப்படியே பிடிச்சுக்கோங்க, நான் சொல்றவரைக்கும் விடாதீங்க.”

நிப்பிள் திறக்கும்; பெடல் இறங்கும்; பழைய ஆயில் டியூபில் ஓடும். மூடுவதற்குள் காலை எடுத்தால் காற்று உள்ளே போய்விடும். இது சாருக்குத் தெரியாதா?

“என்ன கலர்ல வருது தம்பி?” என்று கதவைத் திறந்து எட்டிப் பார்ப்பார். எட்டிப் பார்க்க உடம்பு சாய, கால் தானே மேலே வரும். டியூபில் குமிழி.

“சார்! காலை எடுத்துட்டீங்க!”

“எடுக்கல தம்பி, லேசா...”

மறுபடியும் முதலிலிருந்து. இரண்டாம் முறை, கருப்பாக வந்தாலே கெட்டது, வெள்ளையாக இருந்தால் நல்லது என்று நிறத்தை வைத்து முடிவு கட்டக் கூடாது என்பதை விளக்கும்போது கால் வந்துவிட்டது. மூன்றாம் முறை, தும்மல். தம்பி எழுந்து, கையைத் துடைத்துக்கொண்டு, மிகுந்த மரியாதையோடு வாட்ச்மேனைக் கூப்பிட்டார். எதைக் கேட்டாலும் ஒற்றைச் சொல்லில் பதில் சொல்கிற மனிதர். மிதி என்றால் மிதித்தார், பிடி என்றால் பிடித்தார். அரை மணியில் நான்கு சக்கரமும் முடிந்தது.

சார் அந்நேரம் வாட்ச்மேனின் நாற்காலியில் இருந்தார். சாப்பாட்டுப் பையோடு பைக்கில் வந்த பையன் உள்ளே விடச் சொல்லி நின்றான். சாரின் கண் அவன் முகத்துக்கே போகவில்லை. ஹேண்டில்பாரில், பிரேக் லீவர் பக்கத்தில், சின்னக் கண்ணாடித் துளையோடு இருந்த குப்பியில் நின்றது.

“தம்பி, இதைக் கடைசியா எப்ப மாத்தினே?”