பவுன் என்றால் குற்றம், டன் என்றால் கொள்கை

வெளிநாட்டிலிருந்து தங்கம் கொண்டுவர நினைக்கும் தமிழ்ப் பெருமக்களுக்கு என் ஒரே ஆலோசனை: தயவுசெய்து குறைவாகக் கொண்டுவராதீர்கள். ஐந்து பவுன் சங்கிலியோடு வந்து இறங்கினால் ஓரமாக உட்காரவைப்பார்கள். டன் கணக்கில் கொண்டுவந்தால் துப்பாக்கி ஏந்திய காவலோடு வரவேற்பார்கள்.

2016ஆம் ஆண்டின் பேகேஜ் விதிகளையே எடுத்துக்கொள்ளுங்கள். ஓராண்டுக்கு மேல் வெளிநாட்டில் இருந்துவிட்டுத் திரும்பும் ஆண் 20 கிராம், பெண் 40 கிராம் நகையைத் தீர்வை இல்லாமல் கொண்டுவரலாம் என்றார்கள். கருணைதான். ஆனால் அந்தக் கருணைக்கு ஒரு வாலும் வைத்தார்கள்: ஆணின் நகை 50,000 ரூபாயைத் தாண்டக் கூடாது, பெண்ணின் நகை ஒரு லட்சத்தைத் தாண்டக் கூடாது. விதி எழுதியபோது தங்கம் கிராம் மூவாயிரத்தை ஒட்டி இருந்தது. 20 கிராமும் 50,000 ரூபாயும் முன்னே பின்னே ஒத்துப்போயின. பிறகு தங்கம் ஏறியது. 2025இல் கிராம் 9,000 ரூபாயைத் தாண்டி, அங்கேயும் நிற்காமல் ஏறியது. அந்த 50,000 மட்டும் கல்வெட்டில் பொறித்ததுபோல் இருந்த இடத்திலேயே இருந்தது. அந்தப் பணத்துக்கு முக்கால் பவுன்கூடத் தேறவில்லை. ஆக, சட்டப் புத்தகத்தில் இரண்டரைப் பவுன். கவுண்ட்டரில் முக்கால் பவுன்.

இதே காலத்தில்தான், 2018இல், நாடாளுமன்ற உறுப்பினர்களின் சம்பளம் ஐந்தாண்டுக்கு ஒருமுறை பணவீக்கத்தோடு தானாக உயரும்படி சட்டத்தைத் திருத்திக்கொண்டார்கள். விலைவாசி என்று ஒன்று உண்டு என்பது டெல்லிக்குத் தெரியாமல் இல்லை. குவைத்தில் கம்பி கட்டும் ஆளின் கழுத்துக்கு மட்டும் அது பொருந்தாது என்று முடிவு செய்திருந்தார்கள், அவ்வளவுதான்.

திருச்சியிலும் சென்னையிலும் அவன் வந்து நிற்கிறான்.

"கழுத்துல என்னப்பா?"

"தங்கச்சி கல்யாணத்துக்கு சார். பில்லு இருக்கு."

"பில்லு இருந்தா ஆச்சா? டிக்ளேர் பண்ணினியா?"

"எங்க சார் பண்ணணும்?"

இந்தக் கேள்விக்குப் பதில் ஒரு பலகையில் எழுதியிருக்கும். ராத்திரி மூன்று மணிக்கு, மூன்று வருடம் கழித்து ஊர் திரும்புகிறவன் பலகையா படிப்பான்? வெளியே வேன் வைத்துக் காத்திருக்கும் அம்மா முகத்தைத் தேடுவான். போதாக்குறைக்கு, சுங்கச் சட்டத்தின் 123ஆம் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. சாதாரணமாகக் குற்றத்தை நிரூபிக்க வேண்டியது அரசாங்கம். தங்கத்தைக் கடத்தல் சரக்கு என்று நம்பிப் பிடித்துவிட்டால், அது கடத்தல் சரக்கு இல்லை என்று நிரூபிக்க வேண்டியது வைத்திருந்தவன். இந்த 123ஐ மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

2023 டிசம்பரில் இலங்கையிலிருந்து கோயில் கும்பிட வந்த ஒரு புதுமணப் பெண்ணின் தாலிக்கொடியைச் சென்னை விமான நிலையத்தில் கழற்றி வாங்கிவிட்டார்கள். வாங்கியவரும் ஒரு பெண் அதிகாரிதான். பையில் ஒளித்ததில்லை, துணியில் சுருட்டியதில்லை. கழுத்தில், ஊரறியக் கட்டிய தாலி. 2025இல் சென்னை உயர் நீதிமன்றத் தனி நீதிபதி, புதிதாகக் கல்யாணமான பெண் 11 பவுனில் தாலிக்கொடி அணிவது நம் வழக்கத்தில் சாதாரணம் என்று சொல்லி, அதைத் திருப்பிக் கொடுக்க உத்தரவிட்டார். உடம்பில் அணிந்திருப்பது பேகேஜ் ஆகாது என்றும் சொன்னார். கழுத்து வேறு, பெட்டி வேறு என்று விளங்கவைக்க இந்த நாட்டில் ஓர் உயர் நீதிமன்றம் தேவைப்படுகிறது. வழக்குப் போட வசதியில்லாதவர்களின் நகையெல்லாம் எந்தப் பெட்டகத்தில் கிடக்கிறதோ.

சரி, கடத்தல்காரர்களையும் பிடிக்கத்தானே செய்கிறார்கள் என்பீர்கள். பிடிக்கிறார்கள். யாரை? குருவியை. டிக்கெட் அவன் காசில்லை, தங்கம் அவன் தங்கமில்லை. சில ஆயிரம் ரூபாய்க் கூலிக்காகத் தங்கப் பசையை உருட்டி மலக்குடலில் வைத்துக்கொண்டு நாலு மணி நேரம் சீட்டில் நெளிந்தபடி வருகிறான். மறுநாள் பேப்பரில் படம்: மேஜையில் பிஸ்கட்டுகள் வரிசையாக, எடை கிராம் சுத்தமாக, மதிப்பு ரூபாய் சுத்தமாக. எந்த உறுப்பில் வைத்திருந்தான் என்பதுகூட இருக்கும். தங்கம் யாருடையது என்ற ஒரு தகவல் மட்டும் இருக்காது. 'விசாரணை நடந்துவருகிறது.' நடந்து நடந்து அதற்குக் கால் தேய்ந்திருக்கும்.

குருவியின் கூலியை நிர்ணயிப்பது துபாய்க்காரன் என்று நினைக்காதீர்கள். நிதியமைச்சகம்தான். 2012 தொடக்கத்தில் தங்கத்துக்கு இறக்குமதித் தீர்வை 2 சதவீதம். 2013 ஆகஸ்ட்டில் 10. 2019இல் 12.5. 2022 ஜூலையில் 15. அப்போது கிலோ ஏறத்தாழ 50 லட்சம்; எல்லையைத் தாண்டினாலே கிலோவுக்கு ஆறேழு லட்சம் மிச்சம். எந்தத் தொழிலுக்கு அரசாங்கமே இப்படி லாபம் வகுத்துத் தரும்? 2024 ஜூலையில் திடீரென்று 6 சதவீதமாகக் குறைத்து, கடத்தலைக் கட்டுப்படுத்தத்தான் என்றார்கள். அப்படியானால் அதுவரை அதை வளர்த்தது யார்? இது பழைய பழக்கம். 1963இல் மொரார்ஜி தேசாய் தங்கக் கட்டுப்பாட்டைக் கொண்டுவந்து, புதிதாகச் செய்யும் நகை 14 காரட்டுக்கு மேல் கூடாது என்றார். பொற்கொல்லர் பட்டறைகளில் அடுப்பு அணைந்தது. அரபிக் கடலில் படகுகள் நிறைந்தன. அந்தக் கட்டுப்பாட்டுச் சட்டம் ஒழிய 1990 ஆயிற்று.

பெரிய எடைக்கு வருவோம், அங்கேதான் சுவாரஸ்யம்.

2020 ஜூலையில் திருவனந்தபுரத்தில் 30 கிலோ தங்கம் வந்தது. மலக்குடலில் அல்ல, ஐக்கிய அரபு அமீரகத் துணைத் தூதரகத்தின் பேருக்கு, தூதரகப் பார்சலில். 2024இல் சென்னை விமான நிலையத்தின் உள்ளேயே ஒரு பரிசுப்பொருள் கடை வழியாக இரண்டே மாதத்தில் 267 கிலோ போயிருக்கிறது என்று சுங்கத்துறையே கணக்குச் சொன்னது. மதிப்பு 167 கோடி. நாளொன்றுக்கு நாலு கிலோவுக்கு மேல்! மாற்று விமானம் ஏறும் பயணிகள் கழிப்பறையில் வைத்துவிட்டுப் போக, பாதுகாப்பு அனுமதிச் சீட்டு வைத்திருந்த கடை ஊழியர்கள் எடுத்து வெளியே கடத்தினார்களாம். கம்பி கட்டுகிறவனின் சங்கிலியை முப்பதடி தூரத்திலேயே கண்டுபிடிக்கும் கண்கள் அந்த அறுபது நாளும் எங்கே பார்த்துக்கொண்டிருந்தன?

இதற்கும் மேல், கை நனையாமல் மீன் பிடிக்கும் கனவான்கள் இருக்கிறார்கள். சுங்க வகைப்பாட்டில், ஒரு கலவையில் எடைக்கு 2 சதவீதம் பிளாட்டினம் இருந்தால் போதும், முழுவதும் பிளாட்டினக் கலவை ஆகிவிடும். மீதி தொண்ணூற்றுச் சொச்சம் தங்கமாக இருந்தாலும் பேர் பிளாட்டினம்; அமீரகத்தோடு போட்ட வர்த்தக ஒப்பந்தத்தில் அதற்குச் சலுகைத் தீர்வை. வந்தது, உருக்கினார்கள், தங்கம் ஆயிற்று. விழித்துக்கொண்டு கட்டுப்பாடு போடுவதற்குள் வேண்டியது வந்து சேர்ந்துவிட்டது. இதில் யாரையும் மேஜை முன்னால் நிறுத்திப் படம் எடுக்கவில்லை. குருவி செய்தால் கடத்தல். கோட் போட்டவர் செய்தால் வகைப்பாட்டுச் சிக்கல்.

பிடித்த தங்கமாவது பத்திரமாக இருக்கிறதா? 2012இல் சென்னையில் ஒரு தங்க இறக்குமதி நிறுவனத்தில் சோதனை போட்ட சிபிஐ, 400.47 கிலோ தங்கத்தைப் பறிமுதல் செய்து அங்கேயே பெட்டகங்களில் வைத்துப் பூட்டியது. பூட்டும் முத்திரையும் சிபிஐ போட்டது. 72 சாவிகளையும் நீதிமன்றத்தில் ஒப்படைத்துவிட்டோம் என்றது. 2020இல் திறந்து எடை போட்டால் 103 கிலோவுக்கு மேல் காணோம். விளக்கம் கேட்டதற்கு வந்த பதில், நம் ஊர் ரேஷன் கடைக்காரர்கூடச் சொல்லக் கூசும் பதில்: பறிமுதலின்போது மொத்தமாக எடை போட்டோம், ஒப்படைக்கும்போது தனித்தனியாகப் போட்டோம், அதனால் வந்த வித்தியாசம்! மாநில போலீஸ் இதை விசாரித்தால் எங்கள் மதிப்பு போய்விடும் என்று நீதிமன்றத்தில் வேறு முறையிட்டார்கள். நூறு கிலோ போனபோது போகாத மதிப்பு. நீதிபதி பி.என். பிரகாஷ் அசரவில்லை; இது சிபிஐக்கு அக்னிப் பரீட்சை, கை சுத்தம் என்றால் சீதையைப்போல் ஒளியோடு வெளியே வரலாம் என்று சொல்லி, சிபி-சிஐடி விசாரணைக்கு உத்தரவிட்டார்.

123ஆம் பிரிவு நினைவிருக்கிறதா? அது வைத்திருந்தவனைக் கேட்கும் பிரிவு. பூட்டி வைத்திருந்தவர்களைக் கேட்காது.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. 1991இல் நாடு அந்நியச் செலாவணி இல்லாமல் திணறியபோது, ஜூலையில் ரிசர்வ் வங்கியின் 46.91 டன் தங்கம் அடகுக்கு லண்டனுக்குப் போன கதை எல்லாருக்கும் தெரியும். விமான நிலையத்துக்குப் போகும் வழியில் வண்டி மக்கர் செய்ததுகூடத் தெரியும். அதற்கு முன்பே, மே மாதத்தில், 20 டன் தங்கம் ஸ்டேட் வங்கி மூலம் சுவிட்சர்லாந்து வங்கி ஒன்றுக்குப் போனது. திரும்ப வாங்கும் நிபந்தனையோடு விற்று டாலர் வாங்கினார்கள். அந்த 20 டன்னும் கடத்தல்காரர்களிடமிருந்து பறிமுதல் செய்தது. ஆமாம், நாட்டின் மானத்தை முதலில் தாங்கிப் பிடித்தது குருவிகள் சுமந்துவந்து பறிகொடுத்த தங்கம்தான். அதற்காக ஒருவனுக்கும் தியாகி பென்ஷன் தரவில்லை. 2024இல் ரிசர்வ் வங்கி தன் தங்கத்தில் 100 டன்னை லண்டனிலிருந்து கொண்டுவந்தபோது சுங்கத் தீர்வைக்கு விலக்கு கிடைத்தது. கிடைக்க வேண்டியதுதான், அது நம் எல்லாருடைய தங்கம். தங்கச்சிக்கு எடுத்துவந்த ஐந்து பவுன் யாருடைய தங்கம்?

சுங்கத்துறை அதிகாரிகளே, அடுத்த முறை மேஜையில் பிஸ்கட் அடுக்கும்போது குருவியின் வயதையும் ஊரையும் விட்டுவிடுங்கள். டிக்கெட் எடுத்துக்கொடுத்தவன் பேரையும், சரக்கு போய்ச் சேரவிருந்த கடையின் பேரையும் போடுங்கள்.