கையேடும் மென்பொருளும் ஒத்து நடத்தல்: ஒரு சிற்றாராய்ச்சி

யூனிக்ஸ் இயங்குதளத்தின் ஆறாம் பதிப்பு, ஏழாம் பதிப்பு என்று கணினித் துறையினர் சொல்வதுண்டு. அந்த எண்கள் மென்பொருளுக்கு இடப்பட்டவை அல்ல. அதன் கையேட்டுக்கு இடப்பட்டவை. பெல் ஆய்வகத்தில் நிரல்கள் ஓயாமல் மாறிக்கொண்டிருந்தன. மாற்றங்கள் போதிய அளவு சேர்ந்து கையேடு மறுபடி அச்சேறியபோது அது அடுத்த பதிப்பு எனப்பட்டது. அப்போது இயங்கிய மென்பொருளும் அந்தப் பெயரையே பெற்றது. கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் எழுதிய முதற்பதிப்பில் 1971 நவம்பர் 3 என்று நாள் குறிக்கப்பட்டிருக்கிறது. ஏழாம் பதிப்பு 1979 ஜனவரியில் வந்தது. நூலின் பெயரால் மென்பொருள் அழைக்கப்பட்ட அந்த ஒழுங்கு எப்படிக் குலைந்தது, அதை மீட்க என்ன வழி என்பதே இக்கட்டுரையின் பொருள்.

கையேடு எதற்கு, நிரலைப் படித்தாலே அது என்ன செய்கிறது என்று தெரிந்துவிடுமே எனின், அது பொருந்தாது. நிரல் தான் செய்வதைக் காட்டும். செய்ய வேண்டியது எது என்பதைக் காட்டாது. ஒரு கட்டளை கோப்பை அழிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அழிப்பதற்கென்றே எழுதப்பட்டதா, தவறிப்போய் அழிக்கிறதா? நிரலை மட்டும் கையில் வைத்துக்கொண்டு இதற்கு விடை சொல்ல முடியாது. ‘கோப்பு வேறிடத்துக்கு நகரும்’ என்று கையேடு சொல்லி, நிரல் அதை அழித்தால்தான் பிழை என்ற ஒன்றைச் சுட்டவே முடிகிறது. ஆகவே கையேடு மென்பொருளுக்கு ஒட்டிய விளம்பரத்தாள் அல்ல. மென்பொருளின் சரி, தவறு எதன்மீது நிற்கிறதோ அதுவே கையேடு.

நல்ல மென்பொருளுக்குக் கையேடே தேவைப்படாது, திரையே எல்லாவற்றையும் விளக்கிவிடும் எனின், அதுவும் பொருந்தாது. பட்டன் எங்கே இருக்கிறது என்பதைத் திரை காட்டும். அழுத்தியபின் எது திரும்பி வராது, எத்தனை வரிசைக்கு மேல் கணக்கு நின்றுபோகும், எந்த வசதி இன்னும் அரைகுறையாக இருக்கிறது என்பதையெல்லாம் திரை சொல்வதில்லை.

நன்னூலின் பாயிரத்தில் பவணந்தி முனிவர் நூலுக்கு ஆகாத குற்றங்கள் பத்தை வகுத்திருக்கிறார். 13ஆம் நூற்றாண்டில் இலக்கண நூல் எழுதுவோரை மனத்தில் வைத்து வகுத்தது அது. அவற்றில் குன்றக் கூறல், மிகைபடக் கூறல், மாறுகொளக் கூறல் என்ற மூன்றும் நம் பொருளுக்கு நேரே உரியவை. ஒரு வேறுபாட்டை மட்டும் கவனிக்க வேண்டும். இலக்கண நூலில் குற்றம் எழுதும்போதே நேர்கிறது. மென்பொருள் கையேட்டிலோ, எழுதிய நாளில் குற்றமற்றிருந்த பக்கம், ஓர் எழுத்தும் மாறாமல், பிறகு குற்றமுடையதாகிவிடுகிறது. அது விளக்கிய நிரல் நகர்ந்துபோனதே காரணம். எழுதியவர் திறமையைக் கூட்டினால் இந்நோய் தீராது என்பதை இதிலிருந்தே அறியலாம்.

மிகைபடக் கூறல், இங்கே, இல்லாததை உண்டென்று கூறுதல். இதற்குப் பெரிய சான்று பிஎச்பி மொழியின் ஆறாம் பதிப்பு. யூனிகோடை மொழியின் அடித்தளத்திலேயே சேர்க்கும் பெருந்திட்டமாக அது தொடங்கியது. மென்பொருள் வருமுன்னரே அதைக் கற்பிக்கும் புத்தகங்கள் அச்சாகிக் கடைக்கு வந்துவிட்டன. 2010இல் திட்டம் கைவிடப்பட்டது. அடுத்த பெரும் பதிப்புக்கு எண் இடுவது குறித்து 2014இல் வாக்கெடுத்தபோது, ஆறு என்ற எண்ணை விட்டுவிட்டு ஏழுக்குப் போனார்கள். இல்லாத மென்பொருளுக்கு நூல்கள் இருந்தமையும் அதற்குச் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. 2015 டிசம்பரில் பிஎச்பி 7 வெளிவந்தது. ஒரு மொழியின் எண்வரிசையையே மாற்றும் வலு முந்திக்கொண்ட நூல்களுக்கு இருந்தது.

மாறுகொளக் கூறல் எல்லோருக்கும் பழகியது. மூன்றாம் அதிகாரத்தைத் திருத்தியவர் ஒன்பதாம் அதிகாரத்தில் அதே வசதி பேசப்படுவதை அறியார். உரை புதிய மெனுவைச் சொல்ல, பக்கத்திலுள்ள ஸ்கிரீன்ஷாட் பழைய மெனுவைக் காட்டும்.

குன்றக் கூறல்தான் கொடியது. உள்ளதைச் சொல்லாமல் விடும்போது, தேடிப் பார்க்கக்கூட ஒன்று இருக்கிறது என்று பயனருக்குத் தெரிவதில்லை. தெராக்-25 என்ற கதிர்வீச்சு சிகிச்சைக் கருவியில் 1985 ஜூன் முதல் 1987 ஜனவரி வரை ஆறு விபத்துகள் நேர்ந்தன; நோயாளிகள் அளவுக்கு மிஞ்சிய கதிர்வீச்சு பெற்றார்கள், சிலர் இறந்தார்கள். 1986இல் டெக்சாஸின் டைலர் நகரில் திரையில் ‘மால்ஃபங்ஷன் 54’ என்ற செய்தி தோன்றியது. இயக்குபவருக்குக் கொடுத்திருந்த கையேட்டில் அத்தகைய பிழை எண்களுக்கு விளக்கமே இல்லை. அந்த எண்கள் அடிக்கடி வந்து போனதால், ஒரு விசையைத் தட்டித் தொடர்வது இயக்குபவர்களுக்குப் பழக்கமாகியிருந்தது. நிரலில் பிழை இருந்தது உண்மை. அதோடு, இந்த எண் வந்தால் நிறுத்து என்று சொல்ல ஒரு வரியும் இல்லை.

குன்றக் கூறலுக்கு இன்னொரு சான்று: போயிங் 737 மேக்ஸ் விமானத்தில் எம்காஸ் என்ற மென்பொருள் விமானத்தின் மூக்கைத் தானாகவே கீழே தாழ்த்தும்படி அமைக்கப்பட்டிருந்தது. விமானிகளின் கையேட்டில் அதைப் பற்றிய குறிப்பு வேண்டாம் என்று நிறுவனம் 2016இல் அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகத்திடம் கேட்டது, இசைவு கிடைத்தது. முதலில் ஒருமுறைக்கு 0.6 பாகை அளவே வால்பகுதியை அசைக்கும் என்றிருந்த ஆற்றல், சோதனைப் பறப்புகளுக்குப் பின் 2.5 பாகையாக உயர்த்தப்பட்டது. அப்படி ஒன்று இருப்பதே தெரியாமல் விமானிகள் அந்த விமானத்தை ஓட்டினார்கள். 2018 அக்டோபர் 29இல் லயன் ஏர் விமானம் ஜாவா கடலில் விழுந்து 189 பேர் இறந்தார்கள். அதன் பிறகுதான் எம்காஸ் என்ற பெயர் விமானிகளுக்கு அறிவிக்கப்பட்டது. 2019 மார்ச் 10இல் எத்தியோப்பியன் ஏர்லைன்ஸ் விமானமும் விழுந்து 157 பேர் இறந்தார்கள். ஒற்றை உணர்கருவியை நம்பிய வடிவமைப்பு முதற்காரணம் என்பதில் ஐயமில்லை. ஆனால் வசதி ஒன்று மாறி வளர்ந்துகொண்டிருந்தபோது, அதை விளக்க வேண்டிய நூலில் அது இல்லவே இல்லை என்பதையும் சேர்த்தே எண்ண வேண்டும்.

இனி இந்நோயின் காரணம். எழுத்தாளரின் சோம்பல் என்று சொல்வது எளிது, தவறு. பெரும்பாலான இடங்களில் நிரல் ஓரிடத்தில் இருக்கிறது, கையேடு வேறிடத்தில் இருக்கிறது. நிரல் வெளிவர ஒரு வாயிலைக் கடக்க வேண்டும். அந்த வாயிலில் டெஸ்ட் உண்டு, ரிவ்யூ உண்டு. கையேட்டைப் பற்றி அங்கே யாரும் கேட்பதில்லை. வசதியை எழுதிய டெவலப்பர் அடுத்த வேலைக்குப் போய்விடுகிறார். கையேடு எழுதுபவர் ரிலீஸ் தேதிக்கு இரண்டு நாள் முன்பு செய்தி அறிகிறார். லினக்ஸ் கர்னலுக்கும் ‘மேன்’ எனப்படும் அதன் கையேட்டுப் பக்கங்களுக்கும் வெவ்வேறு களஞ்சியங்கள், வெவ்வேறு பொறுப்பாளர்கள். சிஸ்டம் கால் ஒன்று கர்னலில் நுழைந்துவிட்ட பிறகும் அதற்கான பக்கம் வராமல் இருந்தது பலமுறை நடந்திருக்கிறது. மைக்கேல் கெரிஸ்க் போன்ற ஒருவர் 2004 முதல் பல ஆண்டுகள் அந்தப் பக்கங்களைக் கட்டிக்காத்ததால்தான் இடைவெளி இந்த அளவோடு நின்றது. தனிமனிதரின் விடாமுயற்சியை நம்பியே ஓர் அமைப்பு நடப்பது அவருக்குப் பெருமை, அமைப்புக்குக் குறை.

பெட்டியில் வட்டும் அச்சுக் கையேடும் சேர்த்து விற்ற காலத்தில் இடைவெளிக்கு ஓர் எல்லை இருந்தது. கையேடு அச்சகத்துக்குப் போனபின் மாறியவற்றை வட்டிலேயே ‘ரீட்மீ’ கோப்பில் எழுதி வைத்தார்கள். இன்றைய இணையச் சேவைகளில் அந்த எல்லையும் இல்லை. புதிய வசதியை முதலில் சிலருக்கும் பிறகு பலருக்கும் திறந்துவிடுகிறார்கள். ஒரே நாளில் ஒரே அலுவலகத்தில் பக்கத்துப் பக்கத்து மேசைக்காரர்களுக்கு வெவ்வேறு மெனு தெரிகிறது. அப்போது கையேடு எந்த மென்பொருளை விளக்குகிறது? பதிப்பு எண்ணைப் பயனரின் கண்ணுக்கு மறைத்ததே இக்காலத்தின் பெருந்தவறு என்பது என் கருத்து. பைத்தான் மொழியின் ஆவணங்களைப் பாருங்கள். ஒவ்வொரு பதிப்புக்கும் தனி ஆவணம் நிலைத்திருக்கிறது. ஒவ்வொரு வசதியின் கீழும் இது எந்தப் பதிப்பில் வந்தது, எந்தப் பதிப்பில் மாறியது என்ற குறிப்பு இருக்கிறது. படிப்பவர் தன் கையிலுள்ளது எது என்று ஒத்துப் பார்க்க அது போதும்.

மருந்து புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. யூனிக்ஸ் முதற்பதிப்பிலேயே ஒவ்வொரு பக்கத்திலும் அதற்குப் பொறுப்பானவர் யார் என்ற குறிப்பு இருந்தது. அறிந்த பிழைகளுக்கென்று ஒரு பகுதியும் இருந்தது. தம் நிரலின் குறையைத் தாமே அச்சிட்டுக் கொடுத்தார்கள். குறையை எழுதக் கூசினால் நிரலைத் திருத்த வேண்டியதுதான். கையேடு நிரலைப் பின்தொடர்வதோடு நில்லாமல் நிரலைச் செம்மையாக்கவும் செய்யும் என்பதற்கு இதைவிட நல்ல ஏற்பாடு பின்னால் வந்ததாக எனக்குத் தெரியவில்லை.

ஈமேக்ஸ் என்ற உரைத்தொகுப்பு மென்பொருளின் குழுவினரது முறை ஒன்றைப் பரிந்துரைக்கிறேன். புதிய வசதி எதுவானாலும் ‘நியூஸ்’ என்ற கோப்பில் ஒரு குறிப்பு சேர வேண்டும். கையேடுகள் திருத்தப்பட்டுவிட்டால் அக்குறிப்பின் தலையில் மூன்று கூட்டல் குறி. கையேட்டில் மாற்றம் தேவையில்லை என்றால் மூன்று கழித்தல் குறி. குறியே இல்லாத குறிப்பு தீராத கடன். வெளியீட்டுக்கு முன் குறியற்றவற்றைத் தேடித் தீர்க்கிறார்கள். அதிகாரம் அதிகாரமாகக் கையேட்டைப் படித்துச் சரிபார்க்கவும் ஆள் வைக்கிறார்கள். இதற்குக் கருவியோ செலவோ வேண்டியதில்லை. ‘தேவையில்லை’ என்பதையும் ஒருவர் எண்ணிப் பார்த்து எழுத வேண்டும் என்பதே இதன் நுட்பம். மறந்துபோனதற்கும் வேண்டாமென்று விட்டதற்கும் வேற்றுமை தெரிகிறது.

கருவியால் ஆவதும் உண்டு. கர்ல் திட்டத்தின் டெஸ்ட்களில், அதன் நிரல் நூலகத்தின் விருப்பத்தேர்வு ஒவ்வொன்றுக்கும் மேன் பக்கம் இருக்கிறதா என்று பார்க்கும் டெஸ்ட்டும் அடங்கும். பக்கம் இல்லையென்றால் டெஸ்ட் தோற்கும். பைத்தானில் 2001 முதல் இருக்கும் டாக்டெஸ்ட், ஆவணத்தில் எழுதிய எடுத்துக்காட்டை இயக்கிப் பார்த்து, சொன்ன விடை வருகிறதா என்று சோதிக்கிறது. ரஸ்ட் மொழியில் ஆவண எடுத்துக்காட்டுகள் மற்ற டெஸ்ட்களோடு சேர்ந்தே ஓடுகின்றன. ஆனால் பக்கம் இருப்பதையும் எடுத்துக்காட்டு இயங்குவதையும்தான் இவை உறுதிசெய்யும். பக்கத்தின் உரைநடை உண்மையா என்பதை மனிதர் படித்தே சொல்ல வேண்டும். நிரலிலிருந்து தானாகவே கையேட்டை உண்டாக்கிக்கொள்ளலாமே எனின், அப்படிப் பிறப்பது நிரல் செய்வதையே திருப்பிச் சொல்லும். நிரல் தவறினால் அதுவும் உடன் தவறும். நிரல் செய்வது, செய்ய வேண்டியது என்று முதலில் சொன்ன இரண்டில் பின்னது அங்கே இல்லாமற்போகிறது.

தமிழில் மென்பொருளைப் பயன்படுத்துவோருக்கு இந்தத் தொல்லை இரட்டிப்பு. மூலக் கையேடு நிரலுக்குப் பின்னே, மொழிபெயர்ப்பு மூலத்துக்குப் பின்னே. இதிலும் தன்னார்வலர்கள் நல்ல ஒழுங்கைக் கைக்கொள்கிறார்கள். கெட்டெக்ஸ்ட் கருவியில் மூலத் தொடர் மாறியதும் பழைய மொழிபெயர்ப்பின்மேல் ‘ஃபஸ்ஸி’ என்ற அடையாளம் விழுகிறது. ஒருவர் சரிபார்த்து அதை நீக்கும்வரை திரையில் மூலத்தொடரே வரும். தமிழ்த் திரையில் திடீரென ஆங்கில வரி தென்படுவதற்கு இதுவும் ஒரு காரணம். கண்ணை உறுத்தினாலும் சரியான தெரிவு இது: அந்த ஆங்கில வரி இன்றைய நிரலைப் பற்றியது, பழைய தமிழ் வரி இல்லாத ஒன்றைப் பற்றியது.

இன்னொரு வழியையும் சொல்ல வேண்டும், அது எல்லோருக்கும் இயலாது. டெக் என்ற அச்சுக்கோப்பு மென்பொருளை எழுதிய டொனால்டு கனூத், 1990இல் இனிப் புதிய வசதி எதுவும் சேர்ப்பதில்லை என்று அறிவித்தார். பிழைதிருத்தம் மட்டுமே நடக்கிறது. திருத்தும்தோறும் பதிப்பு எண் பை என்ற கணித மாறிலியை நோக்கி ஓர் இலக்கம் நீள்கிறது. 2021இல் அது 3.141592653 ஆயிற்று. தம் நூல்களில் பிழையை முதலில் கண்டு சொல்பவருக்கு 2.56 டாலர் பரிசு என்றும் வைத்தார். 1984இல் வெளிவந்து, பின்னர் வந்த மாற்றங்களை ஏற்றுத் திருத்தப்பட்ட அவருடைய கையேட்டை இன்று திறந்து, அதன்படியே வேலை செய்ய முடிகிறது.

மற்றவர்கள் வசதிகளைச் சேர்த்துக்கொண்டேதான் இருப்பார்கள், சேர்க்கட்டும். ரிலீஸுக்கு ஒப்புதல் தரும் அதிகாரம் உள்ளவர்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள்: டெஸ்ட் தோற்றால் வெளியீட்டை நிறுத்துவதுபோல், கையேட்டு வரி வராவிட்டாலும் நிறுத்துங்கள். வசதியை எழுதியவரே, அது நினைவில் இருக்கும்போதே, அதே கமிட்டில் அந்த வரியையும் எழுதட்டும். கையேட்டு எழுத்தாளர் அதைச் செம்மை செய்யட்டும். ஓபன்பிஎஸ்டி இயங்குதளக் குழுவினர் மேன் பக்கத்திலுள்ள தவற்றை நிரலிலுள்ள பிழைக்கு நிகராகவே நடத்துகிறார்கள். அவர்களுடைய ஆவணங்கள் மதிக்கப்படுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

பயன்படுத்துபவர்களுக்கும் இதில் பங்குண்டு. கையேடு சொன்னபடி மென்பொருள் நடக்கவில்லை என்றால், உங்களுக்குத்தான் புரியவில்லை என்று எண்ணி ஒதுங்கிவிடாதீர்கள். பதிப்பு எண், கையேட்டின் பக்கம், கையேடு சொல்வது, மென்பொருள் செய்வது என்று நான்கு வரியில் எழுதி, பிழை அறிக்கையாகவே அனுப்புங்கள்.