என்னமோ சத்தம் வருதுங் மாமா

வாங்க மாப்ள, உக்காருங்க. வண்டிய வேப்பமரத்தடியிலயே நிறுத்துங்க, தொண்டுப்பட்டிப் பக்கம் வேண்டாம். எருமை நேத்துத்தான் கன்னு போட்டிருக்குது, மெரண்டுக்கும். நீங்க இட்டேரியில திரும்பறப்பவே கண்டுக்கிட்டேன், வர்றது மாப்ளதான்னு. அந்தக் காலத்துல புல்லட்டுச் சத்தம் கேட்டா மணியகாரர் வர்றாருன்னு திண்ணையில இருக்கறவன் எந்திரிச்சு நிப்பான். உங்க வண்டிச் சத்தம் கேட்டு, ஈயம் பூசறவன் வந்துட்டான்னு உங்கத்தை அண்டாவத் தூக்கிக்கிட்டு வாசலுக்கு ஓடியாந்தா.

என்ன சத்தம்னு கேட்டா, "என்னமோ சத்தமுங் மாமா"ங்கறீங்க. டாக்டர்கிட்டப் போயி "என்னமோ பண்ணுது"ன்னு சொல்லிப் பாருங்க. ரத்தம், ஒண்ணுக்கு, ஸ்கேனுன்னு ஒரு பக்கம் பூரா எழுதிக் குடுப்பாரு. மெக்கானிக்கும் மனுசன்தானுங்களே. மூணு பேர்கிட்டக் காட்டிப்போட்டீங்க. ஒருத்தர் ரீபோர் பண்ணோணும்னாரு. இன்னொருத்தர் கிராங்கையே எறக்கோணும்னாரு. மூணாமத்தவரு, பேசாம வித்துப்போடுங்க, வாங்கறதுக்கு என்ற மச்சான் இருக்கறான்னாரு. மூணு பேருல நோயக் கண்டுபுடிச்சவரு அவருதான். நோயி வண்டிக்கில்ல, உங்களுக்குன்னு தெரிஞ்சுக்கிட்டாரு பாருங்க.

எதை அப்படித் திரும்பித் திரும்பிப் பாக்கறீங்க? ஓ, அதுங்களா. செவலக் கன்னுக்குட்டி கழுத்து மணி. காங்கேயம் கன்னு, இப்பச் செவலையா இருக்குது, ஆறு மாசம் போனா மயிலையாயிரும். மணி கொஞ்சம் கரகரன்னுதான் அடிக்குது. அதை விடுங்க, 84-ஆம் வருசத்துல பொறந்த உங்க கடாவ மொதல்ல பாப்போம். ஆமா, வியாழக்கெழமை உங்களுக்குச் சோலி ஒண்ணும் இல்லியே? சும்மாதான் கேட்டேன்.

நம்ம அறச்சலூர் நாகமலைக்கு ஒருக்காவது ஏறியிருக்கீங்களா? அங்க கொகையில ஒரு கல்வெட்டு இருக்குது. 1,500 வருசத்துக்கு மேல ஆச்சு. அஞ்சு வரி, வரிக்கு அஞ்சு எழுத்து. த, தை, தா, தே, இந்த நாலே எழுத்துதான் மாறி மாறி வருது. மேலருந்து கீழ படிச்சாலும் எடமிருந்து வலம் படிச்சாலும் ஒரே மாதர. இசைக் கல்வெட்டுங்கறாங்க. எழுத்தக் கோத்தவன் பேரு தேவன் சாத்தன்னு அங்கயே வெட்டியிருக்குது. அந்த மனுசன் சத்தத்தப் பாறையில எழுதிப்போட்டுப் போயிட்டான். அதே ஊருத் தண்ணியக் குடிச்சுப்போட்டு நீங்க "என்னமோ சத்தம்"ங்கறீங்க.

சரி, நானே கேக்கறேன். டிக்கா? டொக்கா? கிணிங்கா?

டிக் டிக்குனு தையல் மிசினாட்டம் இஞ்சினுக்கு மேலாக்க வந்தா டேப்பட்டு. இஞ்சின் ரெண்டு சுத்து சுத்தறதுக்குள்ள ஒரு வால்வு ஒருக்காத்தான் தொறக்கும். அதனால அந்த டிக்கு, இஞ்சின் ஓட்டத்துல பாதி வேகத்துலதான் வரும். காது பழகினா எண்ணிரலாம். அதுக்குப் போயி இஞ்சின எறக்கறது, பேன் பாக்கறதுக்கு மொட்டையடிக்கற கதை. வலது பக்கம் போருக்குக் கீழ ஒரு மூடி இருக்குது பாருங்க, நடுவுல ஒத்த நட்டு. வெடியால இஞ்சின் சில்லுனு கெடக்கறப்ப அதைத் தொறங்க. பிஸ்டன் உச்சிக்கு வந்து ரெண்டு வால்வும் மூடியிருக்கற நேரமாப் பாத்து, புஷ்ராட ரெண்டு வெரல்ல புடிச்சு உருட்டுங்க. லேசா உருளோணும், மேலயும் கீழயும் ஆடக்கூடாது. மாமியார் ஊட்டுல மாப்ள இருக்கறாப்பல வெச்சுக்குங்க. சுத்தி வரலாம், குதிக்கக்கூடாது.

இன்னொண்ணு. சத்தமே கேக்கக்கூடாதுன்னு டேப்பட்ட இறுக்கிப்போட்டீங்கன்னா, வால்வு சரியா மூடாம எரிஞ்சு போயிரும். கொஞ்சம் மொணமொணன்னுக்கிட்டு இருக்கற டேப்பட்டுதான் நல்ல டேப்பட்டு. பேச்சே இல்லாம இருந்தாத்தான் பயப்படோணும். உங்கத்தையப் பத்தி நான் ஒண்ணும் சொல்லலீங்க.

டேப்பட்டு இல்லீங்களா? கனமா இருக்குதா? அப்ப இன்னொண்ணு கேக்கறேன். வெடியால கிக்கர் அடிச்ச ஒடனே பெருசா இருந்து, ஒரு மைலு போனதும் அடங்கிருதா? அப்படின்னா பிஸ்டனு. போரு தேஞ்சிருந்தா பிஸ்டன் சில்லுனு இருக்கறப்ப அக்கட்டும் இக்கட்டும் மோதும், சூடாயி விரிஞ்சதும் அடங்கிக்கும். நானும் வெடியால எந்திரிச்சதும் ஒரு நாழி செருமிக்கிட்டுத்தான் இருக்கறேன், காப்பி குடிச்சதும் நின்னு போவுது. அதுக்காக என்னை எறக்கி ரீபோரா பண்ணறீங்க?

அதுவும் இல்ல. நல்லது.

மேட்டுல டாப் கியரிலயே முக்கறப்ப, தகர டப்பாவுல புளியங்கொட்டையப் போட்டுக் குலுக்கறாப்பல கலகலங்குதா? அப்படின்னா நெருப்பு முன்னாடியே புடிக்குதுன்னு அர்த்தம். டைமிங்கப் பாக்கோணும், மண்டையில படிஞ்ச கரியச் சொரண்டோணும். எல்லாத்துக்கும் மேல, மேட்டுல கியரக் கொறைக்கோணும். வண்டியில நாலு கியரு வெச்சுக் குடுத்திருக்கறாங்க. உங்களுக்கு நாலாவது மட்டும்தான் தெரியும்.

உலக்கையில நெல்லுக் குத்தறாப்பல அடிவயித்துல இருந்து டொக் டொக்குனு வந்தா மட்டும் வண்டிய அங்கயே நிறுத்திப்போட்டுத் தள்ளிக்கிட்டு வரோணும். அது கனெக்டிங் ராடு. பாரம் ஏத்த ஏத்தப் பெருசாகும், தன்னால அடங்காது. அதுல வெளையாட்டு வேண்டாம், இஞ்சின எறக்கியே ஆகோணும்.

எனக்கு எப்படித் தெரியும்ங்கறீங்களா? எங்கய்யன் காலத்துல கவலை ஓட்டறப்ப, உருளை கிறீச்சுன்னா மசகு வேணும்னு அர்த்தம், வடம் முறுமுறுன்னா அறுகப் போவுதுன்னு அர்த்தம். மாட்டுக்கு முன்னாடி காது ஓடோணும், இல்லாட்டி சாலு கெணத்துக்குள்ள. அப்புறம் ஆயில் இஞ்சின் வந்துச்சு. அப்ப எனக்குப் பன்னெண்டு வயசு. கெணத்து மேட்டுல படுத்தா அந்த டுக் டுக் கேட்டாத்தான் தூக்கம் வரும். நின்னாலோ தாளம் மாறினாலோ முழிச்சுக்குவேன். பள்ளிக்கொடத்துல வாத்தியார் கத்தினாக்கூட முழிக்காத ஆளு நானு.

அந்தத் திருப்புளியக் கொண்டாங்க, நீளமானது. வண்டிய ஸ்டார்ட் பண்ணுங்க. அட இருங்க, அப்படி ஆனையேற மாதர ஏறி மிதிக்காதீங்க. ஆம்பியர் மீட்டர்ல முள்ளு நடுவுக்கு வர்ற வரைக்கும் டிகம்ப்ரஷன் லீவரப் புடிச்சுக்கிட்டு மெதுவா அமுத்துங்க. வந்துதா? இப்ப லீவர விட்டுப்போட்டு ஒரே மிதி. பாத்தீங்களா, 346 சிசி. உங்க மொழங்கால ஒடைக்கோணும்னு அதுக்கு ஒண்ணும் வேண்டுதல் இல்ல. முறையாக் கேட்டா எந்திரிச்சுக்கும்.

இப்பத் திருப்புளி முனைய இஞ்சின் மேல வெக்கறேன், புடிய காதுக்கு முன்னால இருக்கற எலும்புல அமுத்தறேன். டாக்டர் கொழாயாட்டம்தான். நீங்க வேணா வெச்சுப் பாருங்க, ஓடற செயினுக்கிட்ட மட்டும் கொண்டு போவாதீங்க. போருல வெச்சா? டங்கு டங்குனு சுத்தமா இருக்குது. கிராங்கு கேஸுல? ஒழுங்கா உருளுது. எடது பக்கம் பிரைமரி செயின் மூடியில? லேசாச் சலசலங்குது. செயினு அரை இஞ்சி தொங்குதாட்ட இருக்குது, கால் இஞ்சிதான் ஆடலாம், சாவகாசமாப் பாத்துக்கலாம். ஆனா உங்க "என்னமோ சத்தம்" அது இல்ல.

அப்ப வேற எங்க? எந்த வேகத்துல வருதுன்னீங்க? நாப்பதுலயா? அறுபது தொட்டாப் போயிருதா? சரி, வண்டி நின்னபடியே இருக்கட்டும், மெதுவா முறுக்குங்க. இன்னங் கொஞ்சம். அங்கயே புடிங்க! வந்துது பாத்தீங்களா, கடகடகடன்னு? இன்னங் கொஞ்சம் முறுக்குங்க. போச்சு. ஆக, சக்கரத்துல இல்ல, கியர்ல இல்ல. ராடு போயிருந்தா வேகம் கூடறப்ப அடங்குமா? ஏதோ ஒரு சாமான் எங்கயோ லூசாயிருந்து, இஞ்சின் ஒரு சுதிக்கு வர்றப்ப மட்டும் கூடச் சேந்து பாடுது. கோயில்ல தவில் அடிக்கறப்ப உண்டியல் மேல இருக்கற சில்லறை ஆடறாப்பல. தவிலப் பிரிச்சுப் பாத்து என்ன பிரயோசனம்?

இப்பக் கடைசியா ஒண்ணு கேக்கறேன். மூணு மெக்கானிக்கும் கேக்காதது. எப்ப இருந்து வருது?

பொங்கலுக்கு அப்புறமாங்களா?

பொங்கலுக்கு என்ன பண்ணுனீங்க மாப்ள? மாட்டுக்குக் கொம்புக்குப் பெயிண்ட் அடிச்சது நானு. வண்டிக்குப் பெயிண்ட் அடிச்சது நீங்க. இதே வேப்பமரத்தடியில, ஒரு சாக்க விரிச்சுப்போட்டு, பெட்ரோல் பைப்பப் புடுங்கி, டேங்க்கக் கழட்டி வெச்சீங்க. அது சரி. டேங்க்குக்கு அடியில, இஞ்சின் மண்டையையும் சேஸிஸையும் சேத்துப் புடிக்கற பட்டை ஒண்ணு இருக்குது. அதையும் கழட்டிக் கறுப்பு அடிச்சீங்க. டேங்க்க ஏத்திப்போட்டா அது வெளிய தெரியவா போவுது? ஆனாலும் அடிச்சீங்க. மாப்ளைக்குக் கலை ரசனை.

அந்தப் பட்டை அலங்காரத்துக்கு வெச்சதுன்னு நெனச்சுக்கிட்டீங்களாட்ட இருக்குது. 70 மில்லி அகலத்துல ஒத்தப் பிஸ்டனு, 90 மில்லி மேலயும் கீழயும் குதிக்குது. இஞ்சினக் கீழ புடிச்சிருந்தாலும் மண்டை ஆடத்தான் ஆடும். அது ஆடாம இருக்கத்தான் பட்டை. 1955-ல இங்க கம்பெனி ஆரம்பிச்சு, திருவொத்தியூருல இந்த வண்டியப் பண்ணுன ஆளுங்க வேண்டாததுன்னு ஒரு போல்ட்ட மாட்டியிருப்பாங்களா? திருப்பி மாட்டறப்ப உங்களுக்கு ஒரு போல்ட்டு கொறைஞ்சுது. தேடுனீங்க, கெடைக்கல. பொழுதோட சினிமாவுக்குப் போகோணும். மத்தது பத்தாதா என்னன்னு டேங்க்கப் போட்டு மூடிப்போட்டீங்க. இல்லைன்னு சொல்லுங்க பாப்போம்.

அந்த மெக்கானிக்குங்களச் சொல்லிக் குத்தமில்ல. பெயிண்ட் பளபளன்னு இருக்கற டேங்க்கக் கீறிப்போட்டா உங்ககிட்ட எவன் பேச்சு வாங்கறது? அதனால அதை யாரும் தொடல, இஞ்சினத் தொட்டுக்கறேன்னாங்க.

எனக்கு எப்படித் தெரியும்னா? தெரியும். மாட்டுப் பொங்கலுக்கு மக்கா நாளு வாசக் கூட்டறப்ப உங்கத்தை சீமாத்துல கிணிங்குன்னு பட்டுது. நட்டும் போல்ட்டும், ரெண்டு வாஷரும். நட்டு இங்க பாருங்க, சுருக்குப் பையில பாக்கோட பாக்காக் கெடக்குது. ஒரு நாளு இருட்டுல கடிச்சுக்கூடப் பாத்துட்டேன்.

ஏன் மொதல்லயே சொல்லலியா? நீங்க கேட்டீங்களா? ரெண்டு மாசமா இந்த வழியிலதான் போறீங்க, வர்றீங்க, ஒரு நாளாவது நின்னு "மாமா சௌக்கியமா"ன்னு கேட்டிருந்தா அப்பவே குடுத்திருப்பேன். நீங்க கையத் தூக்கிக் காட்டிப்போட்டுப் போயிட்டீங்க. நானும் கையத் தூக்கிக் காட்டினேன். என்ற கையில நட்டு இருந்துது.

சரி, கோவிச்சுக்காதீங்க. அத்தை காப்பி கொண்டாரா, குடிங்க. வியாழக்கெழமை கருங்கல்பாளையத்துல மாட்டுச் சந்தை. பஸ்ஸுல நின்னுக்கிட்டுப் போக முட்டி ஒத்துக்கல, எருமை வெலை என்னன்னு பாத்துட்டு வந்தாத் தேவலை. வண்டியையும் நாப்பதுல ஓட்டிப் பாத்தாப்பல ஆச்சு. பின்னால ஆளு உக்காந்தாத்தான் சரியாத் தெரியும், சத்தம் நின்னுதா இல்லியான்னு.

போல்ட்டுங்களா? அது வந்து... அந்தக் கன்னுக்குட்டியச் செத்தப் புடிங்க மாப்ள. கவுத்த இறுக்காதீங்க, மெதுவா. பழைய மணிதான், நாக்கு மட்டும் அறுந்து போயி ஊமையா நின்னுது. கைக்கு வாகா இது கெடைச்சுது, கம்பி போட்டுக் கட்டி உட்டுட்டேன். என்னமோ சத்தம், என்னமோ சத்தம்னு வந்ததுல இருந்து அதைத்தான் பாத்துக்கிட்டு இருந்தீங்க.

இன்னிக்குக் கழட்ட முடியாதுங். கன்னுக்குட்டி காட்டுக்குள்ள போனா நான் எப்படித் தேடறது? சந்தையில நல்ல வெங்கல மணி விக்கும், உங்க கையால ஒண்ணு வாங்கிக் கட்டுங்க, அங்கயே மாத்திக்கலாம். வெடியால நாலு மணிக்கெல்லாம் வந்துருங்க, ஸ்பேனரோட.